ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கட்டளை

எமது பிள்ளைகள் உயிரியல் கொப்பியோடு வீட்டுக்கு வருகிறார்கள். அதில் ஆணுடல், பெண்ணுடல் படங்கள். பிள்ளை அதை உரத்து வாசிக்கத் தொடங்கியதும் தாய் அடுப்படிக்குப் போய்விடுகிறார். தந்தை தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுகிறார். வெட்கம் ஒரு காரணம். ஊரில் அந்தப் பாடத்தை வாத்தியார் "வீட்டில் வாசியுங்கோ" என்று சொல்லித் தாண்டிப் போனதும் ஒரு காரணம்.

தாண்டிப்போன பாடத்தின் விலையை நாம் இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். கலியாணமாகி இரண்டு வருடம் போனதும், கொண்டாட்டங்களில் "இன்னும் ஒன்றும் இல்லையோ?" என்று கேட்பது மனைவியிடந்தான். நேர்த்தி வைப்பவரும் விரதம் பிடிப்பவரும் அவரே. கணவரை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. இது சரிதானா என்பதை உடலின் ஒழுங்கைக் கொண்டே பார்ப்போம்.

காயடித்த மாடு அடங்கிவிடும் என்பது எமது கமக்காரர் காலங்காலமாக அறிந்த சங்கதி. அது ஏன் என்பதற்கு வழிகாட்டியவர் இந்த நாட்டவர். 1849இல் கோட்டிங்கன் நகரில் பேர்தோல்ட் என்ற பேராசிரியர் சேவற்குஞ்சுகளின் விதைகளை அகற்றினார். அவற்றுள் சிலவற்றின் வயிற்றுக்குள் ஒரு விதையை மீண்டும் வைத்தார். விதை இழந்தவை கொண்டை வளராமல், கூவாமல், சண்டை பிடிக்காமல் இருந்தன. விதை திரும்பக் கிடைத்தவையோ முழுச் சேவலாக வளர்ந்து கூவின. பழைய நரம்புத் தொடர்பு அறுந்திருந்தும் இது நடந்தது. ஆகவே, விதையிலிருந்து ஏதோ ஒன்று இரத்தத்தின் வழியே உடலெங்கும் போகிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். அந்த "ஏதோ ஒன்று"தான் பிற்காலத்தில் ஓமோன் என்று பெயர் பெற்றது.

அதைப் பிரித்தெடுக்க மேலும் எண்பது ஆண்டுகள் சென்றன. எல்பர்பெல்டும் பார்மனும் ஒன்றிணைந்து இன்றைய வுப்பர்டால் நகரம் உருவான அதே 1929ஆம் ஆண்டில், அடோல்ப் பூட்டனாண்ட் என்ற இளம் இரசாயனவியலாளர் கர்ப்பிணிப் பெண்களின் சிறுநீரிலிருந்து ஒரு பெண் ஓமோனைப் பிரித்தெடுத்தார். 1931இல் ஆண் ஓமோன் ஒன்றைத் தேடி, பேர்லின் பொலிஸ்காரரிடம் சேர்த்த 15,000 லீற்றர் சிறுநீரைக் காய்ச்சி வடித்தார். கிடைத்தது வெறும் 15 மில்லிகிராம்!

1939இல் அவருக்கு இரசாயனத்துக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு மருத்துவத்துக்கான பரிசு எமது நகரத்தின் கெர்ஹார்ட் டொமாக்குக்கு. தொங்குரயிலில் போகும்போது வுப்பர் ஆற்றோரம் நாம் பார்க்கிற பேயர் நிறுவனத்தின் எல்பர்பெல்ட் ஆய்வுகூடத்தில், நோய்க்கிருமிகளைத் தடுக்கும் சல்பா மருந்தைக் கண்டறிந்தவர் அவர். இருவரையும் பரிசை மறுக்க வைத்தது கிட்லரின் அரசு. போர் முடிந்த பின்னரே பட்டயமும் பதக்கமும் அவர்கள் கைக்கு வந்தன.

இனி உடலுக்குள் நடப்பதைப் பார்ப்போம். மூளையின் அடியில் பரிவகக்கீழ் என்றொரு பகுதி இருக்கிறது. அது ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை சிறு துடிப்பாக ஓர் ஓமோனை விடுகிறது. அதன் கீழே தொங்குவது பட்டாணிக் கடலையளவு கபச்சுரப்பி. கட்டளை வந்ததும் கபச்சுரப்பி இரண்டு ஓமோன்களை இரத்தத்தில் கலக்கிறது. ஒன்று புடைப்பைத் தூண்டும் ஓமோன், மற்றது லூட்டினாக்கும் ஓமோன். இந்த இரண்டும் ஆணிலும் பெண்ணிலும் ஒன்றேதான். வேறுபடுவது அவை போய்ச் சேரும் இடம் மட்டுமே.

பெண்ணில் அவை சூலகத்துக்குப் போகின்றன. முதலாவது ஓமோன் முட்டையைச் சுமக்கும் புடைப்பை வளர்க்கிறது. வளரும் புடைப்பு ஈஸ்ரோஜனைச் சுரந்து கருப்பையின் உட்சுவரைத் தடிக்கச் செய்கிறது. ஈஸ்ரோஜன் உச்சத்தில் இரண்டு நாளளவு நின்றதும், கபச்சுரப்பி இரண்டாவது ஓமோனை ஒரேயடியாகப் பாய்ச்சுகிறது. அதிலிருந்து ஒன்றரை நாளளவில் முட்டை வெளியேறுகிறது. வெறுமையான புடைப்பு மஞ்சள் நிறத் திரளாக மாறி, புரோஜெஸ்ரரோனைச் சுரந்து கருவுக்குப் படுக்கை விரிக்கிறது. கரு தங்காவிட்டால் இரண்டு கிழமையளவில் அந்தச் சுரப்பு நின்று மாதவிடாய் வருகிறது. கரு தங்கினால் அதுவே வேறோர் ஓமோனை அனுப்பி "நான் வந்துவிட்டேன்" என்று அறிவிக்கிறது. மருந்துக்கடையில் வாங்கும் கர்ப்பப் பரிசோதனைக் குச்சி சிறுநீரில் தேடுவது அந்த ஓமோனைத்தான்.

ஆணில் அதே இரு ஓமோன்களும் விதைக்குப் போகின்றன. லூட்டினாக்கும் ஓமோன் தெஸ்தெஸ்தரோனைச் சுரக்க வைக்கிறது. மற்றதும் தெஸ்தெஸ்தரோனும் சேர்ந்து விந்தணுவை உருவாக்குகின்றன. ஒரு விந்தணு முழுமையாக உருவாக இரண்டரை மாதமளவு செல்லும். ஆகவே இன்றைய கடுங்காய்ச்சலின் பாதிப்பு சில கிழமைகள் கழித்தே தெரியும்.

இவ்வளவும் அளவு மீறாமல் நடப்பது எப்படி? வீட்டுக் கைற்சுங்கை எண்ணிப் பாருங்கள். குமிழை மூன்றில் வைத்தால் அறை சூடானதும் தானாக அடங்கும். குளிர்ந்ததும் தானாகத் திறக்கும். அவ்வாறே இரத்தத்தில் தெஸ்தெஸ்தரோன் கூடினால் மூளை கட்டளையைக் குறைக்கும், குறைந்தால் கூட்டும். கருத்தடை மாத்திரையும் இந்த வழியிலேயே வேலை செய்கிறது. ஓமோன் போதிய அளவு இருக்கிறதென்று மூளை நினைக்க, முட்டை வெளியேறுவது நிற்கிறது. ஜேர்மனியில் முதல் மாத்திரையை 1961இல் பேர்லின் ஷேரிங் நிறுவனம் விற்பனைக்கு விட்டது. அந்த நிறுவனத்தைப் பேயர் 2006இல் வாங்கியது.

எமது இளைஞருக்கு ஒரு வார்த்தை. உடற்பயிற்சி நிலையங்களில் சிலர் தசை பெருக்கத் தெஸ்தெஸ்தரோன் ஊசி போடுகிறார்கள். அறைக்குள் வேறு அடுப்பை மூட்டினால் கைற்சுங் நின்றுவிடுவதைப் போல, கபச்சுரப்பி வேலையை நிறுத்திவிடும். வெளியே தசை பெருக்க, உள்ளே விந்தணு அற்றுப்போகும். ஊசியை விட்டாலும் மீள மாதக்கணக்கில் செல்லலாம்.

எமது பெண்களுக்கும் ஒன்று. பரிவகக்கீழ் மனத்துயரையும் பட்டினியையும் அறியும். ஊரில் இழப்பு, முகாம் வாழ்வு, முடிவு தெரியாத வழக்கு, திடீர் மெலிவு ஆகியவற்றால் சிலருக்கு மாதவிடாய் மாதக்கணக்கில் நின்றுபோகிறது. இது சாபமுமல்ல, குற்றமுமல்ல. ஆனால் தைரொயிட் கோளாறும் இப்படிச் செய்யுமாதலால், பொறுத்துக்கொண்டு இராமல் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

இப்போது முதற் கேள்விக்கு வருவோம். கட்டளைச் சங்கிலி இருவரிலும் ஒன்றென்றால், அது அறுவதும் இருவரிலும் நேரலாம். பிள்ளைப்பேறு தாமதமாகும் தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப்பேரில் ஆண்பக்கக் காரணமும் இருக்கிறது. ஒரு வருடம் முயன்றும் கருத்தரிக்காவிட்டால், மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே, இருவரும் சேர்ந்து போகவேண்டும். மனைவிக்குப் பெண்நோய் வைத்தியர், கணவருக்கு ஊரோலோக. விந்துப் பரிசோதனைக்கு நோவுமில்லை, கத்தியுமில்லை. மனைவியை மயக்க மருந்து கொடுத்துச் சோதிக்கும் முன் இதைச் செய்வதே முறை.

செலவைப் பற்றியும் சொல்லவேண்டும். பொதுக் காப்புறுதியான கிறாங்கன்காசே, 2004 முதல், மணமான தம்பதிகளுக்குச் செயற்கைக் கருத்தரிப்பில் மூன்று முயற்சிகள் வரை பாதிச் செலவை ஏற்கிறது. பெண்ணுக்கு 25 முதல் 40 வயது, ஆணுக்கு 25 முதல் 50 வயது என்பது வரம்பு. சிகிச்சை தொடங்குமுன் அவர்களிடம் அனுமதி பெறவேண்டும். அகதி வழக்கு முடியாதவர்களுக்கு மருத்துவ உரிமை குறைவெனினும், கர்ப்ப காலப் பராமரிப்பும் பிரசவமும் அவர்களுக்கும் உண்டு.

கடைசியாக ஒன்று. டொச் தெரியாத தாய், தன் மாதவிடாயை வைத்தியருக்குச் சொல்லப் பன்னிரண்டு வயது மகனைக் கூட்டிக்கொண்டு போவதை நாம் கண்டிருக்கிறோம். மகன் நிலத்தைப் பார்க்கிறான். தாய் பாதியை மறைக்கிறார். வைத்தியருக்கு மீதியும் விளங்குவதில்லை. பிள்ளையை அந்த இடத்தில் நிறுத்தாதீர்கள். மொழி தெரிந்த ஒரு பெண்ணை அழைத்துச் செல்லுங்கள். பிள்ளையோடு பேசவேண்டிய இடம் வீடு. நாளை அந்தக் கொப்பி வரும்போது தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, "கொண்டு வா, சேர்ந்து பார்ப்போம்" என்று கூப்பிடுங்கள். அவர்கள் டொச் சொல்லைச் சொல்லட்டும், நாம் தமிழ்ச் சொல்லைச் சொல்வோம்.