பழைய மடிக்கணினிக்குப் புதிய வைஃபை அட்டை

மடிக்கணினி ஒன்று ஏழெட்டு ஆண்டுகள் உழைத்தபின் இணையத்திலே தயங்கத் தொடங்குமாயின், அதற்கு முதுமை வந்துவிட்டதென்று வீட்டார் தீர்ப்புக் கூறிவிடுவர். படம் இடையிடையே நின்றுவிடுகிறது. காணொளி உரையாடலிலே எதிரிலிருப்பவரின் முகம் உறைந்துபோகிறது. உடனே புதிய கணினி வாங்கும் பேச்சு எழுகிறது. ஆயினும், அதே கணினியை ரூட்டரோடு ஒரு கம்பியால் இணைத்துப் பார்த்தால், பல வேளைகளில் இத்தயக்கம் மறைந்துவிடும். அவ்வாறு மறையுமாயின், குற்றம் கணினியின் மூளையிலே இல்லை; அதனுள்ளே இருக்கும் வானொலியில் உள்ளது என்பது தெளிவாகும்.

வானொலி என்பது இங்கு உவமையன்று. வைஃபை அட்டை என வழங்கும் அச்சிறு தகடு, அலைகளை அனுப்பவும் வாங்கவும் வல்ல உண்மையான வானொலிக் கருவியே. மத்திய அலை வானொலியின் அலைகள் நூற்றுக்கணக்கான மீற்றர் நீளமுடையவை, 2.4 கிகாஹேட்ஸில் இயங்கும் வைஃபையின் அலையோ ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர் நீளமே உடையது.

பழைய அட்டைகள் பலவற்றுக்கு இந்த 2.4 கிகாஹேட்ஸ் ஒன்றே தெரியும். இரவு வேளையில் மத்திய அலையிலே நிலையங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இரைவதைக் கேட்ட நேயர்களுக்கு, இங்கு நிகழ்வதை விளக்க வேண்டியதில்லை. ஒன்றோடொன்று மோதாத வழிகள் இவ்வலைவரிசையில் 1, 6, 11 என மூன்றே உள. அயல்வீடுகளின் ரூட்டர்கள் யாவும் அம்மூன்றிலேயே நெருக்குகின்றன; போதாக்குறைக்குச் சமையலறையின் மைக்ரோவேவ் அடுப்பும் அதே பக்கத்திலே இரைகிறது. 5 கிகாஹேட்ஸ் அலைவரிசையில் இடம் மிகுதி. 2013இல் வந்த 802.11ஏசி என்னும் நியமம் இவ்வலைவரிசைக்கே உரியது. இரண்டு அன்ரெனாக்களைக் கொண்ட அட்டை அந்நியமத்தில் வினாடிக்கு 867 மெகாபிற் வரை பேசும் என்பர். இவ்வெண்ணை அப்படியே நம்புதல் வேண்டா. கைக்கு வருவது பெரும்பாலும் அதிற் பாதியளவே. சுவர்களைக் கடக்கும் வலிமையும் 5 கிகாஹேட்ஸ் அலைக்குக் குறைவு. எனினும், ரூட்டர் உள்ள அறையிலோ அடுத்த அறையிலோ இருந்து வேலை செய்பவருக்கு இம்மாற்றம் பெரிதாகவே தோன்றும்.

அட்டையைக் கழற்றி வேறொன்றைச் செருகுவது கால்மணி நேர வேலை. ஆனால், பணம் வீணாவது அவ்விடத்திலன்று. கடையிலே அட்டையைத் தெரிந்தெடுக்கும்போதுதான். 2012இல் வெளிவந்த லெனோவோ திங்பாட் எக்ஸ்230 இதற்கு நல்ல சான்று. அதன் பயோஸில் ஓர் அனுமதிப் பட்டியல் உண்டு. பட்டியலில் இல்லாத அட்டையைச் செருகினால், 1802 என்னும் பிழையெண்ணைக் காட்டிக் கணினி எழ மறுத்துவிடும். இன்டெல் 6205 என்னும் அட்டை அப்பட்டியலில் உண்டு. ஆயினும், அதே 6205 வேறொரு நிறுவனத்தின் கணினிக்கென வெளிவந்ததாயின், அதுவும் தள்ளப்படலாம். அலைபரப்பும் கருவியும் அன்ரெனாவும் சேர்ந்தே அரசின் அங்கீகாரம் பெறுகின்றன என்பது இத்தகைய தடைக்குக் கூறப்படும் காரணம். காரணம் எதுவாயினும், நட்டம் வாங்கியவருக்கே. சில ஆர்வலர் பயோஸையே மாற்றி எழுதித் தடையை நீக்குவர். அதிலே தவறு நேர்ந்தாற் கணினியே கெடுமாதலால், அனைவர்க்கும் அது தக்க வழியன்று.

அட்டையின் வடிவமும் கவனிக்கத்தக்கது. எக்ஸ்230 போன்றவற்றில் உள்ளது மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் துளை. பின்வந்த கணினிகளில் எம்.2 துளை. இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்201 என்னும் இரண்டும் தோற்றத்தில் இரட்டையர் போன்றவை. முன்னது எம்.2 துளையுள்ள பல கணினிகளில் இயங்கும். பின்னதோ அதற்கென அமைந்த இன்டெல் கணினிகளிலன்றி வேறெங்கும் உயிர்பெறாது. ஏஎக்ஸ்200இற்கு இன்டெல் தரும் இயக்க மென்பொருள் 64 பிற் வின்டோஸ் 10 முதலே உண்டு, லினக்ஸில் 5.1ஆம் கருவகம் முதல் அது இயங்கும். அன்ரெனாக் கம்பியின் நுனியிலுள்ள கொளுவிகளும் இருவகை அட்டைகளுக்கும் ஒரே அளவின அல்ல. அவை மிக நுண்ணியவை. நேராக வைத்து அழுத்த வேண்டும். மின்கலத்தைக் கழற்றாமல் இவ்வேலையிலே கைவைத்தல் ஆகாது.

கணினியைத் திறக்கவே அஞ்சுபவர்க்கு யூஎஸ்பி வழியாகச் செருகும் வைஃபை கருவி உண்டு. பயோஸின் பட்டியல் இதனைத் தடுப்பதில்லை. யூஎஸ்பி 2.0 துளையின் எல்லை ஏட்டளவில் 480 மெகாபிற், 3.0 துளை இருப்பின் அதுவே மேல். ஆனால், 3.0 துளையிலிருந்து எழும் மின்னிரைச்சல் 2.4 கிகாஹேட்ஸ் அலையைக் குழப்பக்கூடும் என்பதால், கருவியைச் சிறு நீட்டுக் கம்பியிலே தள்ளிவைப்பது நன்று.

ரூட்டர் 2.4 கிகாஹேட்ஸ் மட்டுமே அறிந்ததாயின், எந்த அட்டையும் பயன்தராது. வீட்டுக்கு வரும் இணைப்பே 20 மெகாபிற் எனில், அதற்குமேல் எந்த அட்டையும் இறைத்துத் தரமாட்டாது. ஆகவே, அட்டை வாங்குமுன் அண்மைக்காலக் கைத்தொலைபேசி ஒன்றை அந்த மடிக்கணினியின் அருகிலே வைத்து, இரண்டிலும் இணையவேகத்தை அளந்து பார்த்தல் வேண்டும். தொலைபேசி பன்மடங்கு விரைவாயின், அட்டையை மாற்றலாம். இரண்டும் ஒரே அளவில் நின்றால், பார்க்க வேண்டியது ரூட்டரை.