அப்பாவோட கம்ப்யூட்டர் பிரச்சினை எப்போ பணப் பிரச்சினை ஆகுது?



மாசம் பிறந்தா எஸ்ஐபி போயிடுது. டேர்ம் இன்சூரன்ஸ் இருக்கு. எமர்ஜென்சி ஃபண்டும் ஓரளவு சேர்ந்துடுச்சு. நம்ம சேனல் பார்க்கிற நிறைய பேர் இந்த இடத்துக்கு வந்துட்டீங்க. ஆனா பல்லாவரத்துலயோ குரோம்பேட்டையிலயோ உங்க அப்பா ஒரு பழைய கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருக்காரு. திடீர்னு திரை முழுக்க சிவப்பா ஒரு எச்சரிக்கை. "உங்க கம்ப்யூட்டர் லாக் ஆயிடுச்சு, இந்த நம்பருக்கு உடனே கூப்பிடுங்க." நீங்க ஓஎம்ஆர்ல மீட்டிங்ல இருக்கீங்க, போன் எடுக்கல. அவர் அந்த நம்பருக்கு அடிக்கிறாரு.

அங்கதான் கதை மாறுது. கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு ஆகிற செலவு பெரிசே இல்ல, அதிகபட்சம் சில ஆயிரம். அவர் யார்கிட்ட உதவி கேட்கிறாருங்கிறதுதான் லட்சக்கணக்கான விஷயம்.

இப்ப எல்லாரும் மொபைல்தானேன்னு கேட்கலாம். இந்தப் பக்கம் ரிட்டயர்டு ஆனவங்க வீடுகள்ல போய்ப் பாருங்க. கண்ணுக்கு பெரிய எழுத்து வேணும், பிரிண்ட் எடுத்து ஃபைல்ல வைக்கணும். ராணுவத்துல, தாம்பரம் ஏர்ஃபோர்ஸ் பக்கம் வேலை பார்த்தவங்களுக்கு ஸ்பர்ஷ் பென்ஷன் போர்ட்டல், மத்தவங்களுக்கு பேங்க் எஃப்டி, ரயில் டிக்கெட். எல்லாத்துக்கும் அந்த ஹால் மூலையில இருக்கிற டெஸ்க்டாப்தான். அறுபது வயசுல முதல் தடவையா மவுஸ் பிடிச்சவங்க அதுல பணத்தையும் கையாளறாங்க.

அந்த நம்பருக்குப் பின்னாடி யார்?

மைக்ரோசாப்ட் தெளிவா சொல்லியிருக்கு: அவங்களோட எரர் மெசேஜ்லயோ எச்சரிக்கையிலயோ போன் நம்பர் இருக்கவே இருக்காது. நம்பர் இருந்தா அது போலி. இந்த ஒரே ஒரு வரியை மானிட்டர் ஓரத்துல தமிழ்ல எழுதி ஒட்டிடுங்க.

இது நம்ம நாட்டுல பெரிய தொழிலாவே நடந்திருக்கு. 2023 அக்டோபர்ல சிபிஐ 'ஆபரேஷன் சக்ரா-2'ன்னு 76 இடங்கள்ல சோதனை போட்டது. மைக்ரோசாப்ட், அமேசான் பேரைச் சொல்லி வெளிநாட்டு ஆளுங்களை ஏமாத்தின போலி கால் சென்டர் வழக்குகளும் அதுல இருந்தது. அங்கயும் அதிகமா மாட்டுறது வயசானவங்கதான். அதே டெக்னிக் இங்க தமிழ்லயே பேசுது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வழக்கமா நடக்கிறது இப்படித்தான். பிரிண்டர் வேலை செய்யல. அப்பா கூகுள்ல கஸ்டமர் கேர் நம்பர் தேடுறாரு. முதல்ல வர்றது விளம்பரம். அதுல இருக்கிற ஆள் ரொம்ப மரியாதையா, "சார், ஒரு சின்ன ஆப் போடுங்க, நான் இங்க இருந்தே சரி பண்ணிடறேன்"னு சொல்றான். எனிடெஸ்க் மாதிரி ஒரு ஆப். (ரிசர்வ் வங்கி இந்த ஆப்பை வெச்சு நடக்கிற மோசடி பத்தி 2019 பிப்ரவரியிலயே வங்கிகளை எச்சரிச்சது.) அடுத்து, "பத்து ரூபா சர்வீஸ் சார்ஜ் மட்டும் நெட் பேங்கிங்ல கட்டுங்க சார்." அப்பா பாஸ்வேர்டு டைப் பண்றாரு. அவன் பார்த்துட்டு இருக்கான். எஃப்டியை ஆன்லைன்லயே முறிச்சு சேவிங்ஸ் அக்கவுண்டுக்கு கொண்டுவர முடியும்ங்கிறது அப்பாவுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும்.

பேங்க் திருப்பித் தரும்னு நம்பியிருந்தா, இதையும் படிச்சுக்கோங்க. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ல வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, தப்பு பேங்க்லயும் இல்லாம வாடிக்கையாளர்கிட்டயும் இல்லாம வேற எங்கயோ நடந்து, மூணு வேலை நாளுக்குள்ள புகார் கொடுத்தா அவருக்கு நஷ்டம் பூஜ்யம். ஆனா பாஸ்வேர்டு, ஓடிபி மாதிரி விவரத்தை அவரே கொடுத்திருந்தா, பேங்க்குக்குச் சொல்ற வரைக்கும் போன பணம் முழுக்க அவரோடது. சொன்ன பிறகு போறதுதான் பேங்க் பொறுப்பு. ஸ்கிரீன் ஷேர் கேஸ் பெரும்பாலும் இந்த ரெண்டாவது வகையிலதான் வந்து விழும். அதனால ஒவ்வொரு நிமிஷமும் காசு.

அஞ்சு லட்சம் போச்சுன்னு வைங்க. மாசம் 10,000 சேமிக்கிறவங்களுக்கு அது 50 மாச சேமிப்பு. நாலு வருஷம் ரெண்டு மாசம். அதுக்கப்புறம் அவங்க செலவு யார் தலையில வரும்னு சொல்லத் தேவையில்ல.

திட்டினா என்ன ஆகும்?

இதைப் படிச்சுட்டு உடனே ஆன்டிவைரஸ் வாங்கப் போகாதீங்க. விண்டோஸ்லயே இருக்கிற டிஃபெண்டர் வீட்டு உபயோகத்துக்குப் போதும், அது இலவசம். முதல்ல மாத்த வேண்டியது நம்ம குரலை.

"எத்தனை தடவைப்பா சொல்றது?" இந்த ஒரு கேள்விதான் குடும்பத்துல ரொம்ப காஸ்ட்லியான கேள்வி. ரெண்டு தடவை அதைக் கேட்டவர் மூணாவது தடவை உங்களைக் கூப்பிட மாட்டாரு. பொறுமையா "சார் சார்"னு பேசுற அந்த ஆளைக் கூப்பிடுவாரு. இந்தத் திருட்டுத் தொழிலோட மூலதனமே நம்ம எரிச்சல்தான்னு எனக்குத் தோணுது.

சொல்லிக் கொடுக்கும்போது மவுஸை அவர் கையில இருந்து வாங்காதீங்க. நீங்க டக்கு டக்குன்னு பத்து கிளிக் பண்ணி முடிச்சா, அவருக்கு மேஜிக் ஷோ பார்த்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்க. அவரே, அவர் பாஷையில எழுதட்டும். "இடது கீழ ஜன்னல் படம், அதுக்கப்புறம் சக்கரம்"னு எழுதினாலும் தப்பில்ல. அம்மா எழுதினா இன்னும் நல்லது, சமையல் குறிப்பு எழுதின அனுபவம் அவங்ககிட்ட இருக்கு!

விண்டோஸ் மெனுவை தமிழுக்கு மாத்தலாமான்னு கேட்பீங்க. மாத்தலாம், ஆனா நான் சிபாரிசு பண்ண மாட்டேன். போன்ல நீங்க "செட்டிங்ஸ்"னு சொல்லும்போது அவர் திரையில "அமைப்புகள்"னு இருந்தா ரெண்டு பேருக்கும் குழப்பம். எழுத்தைப் பெரிசாக்குங்க, மவுஸ் அம்பைப் பெரிசாக்குங்க, டபுள் கிளிக் வேகத்தைக் குறைங்க. பாதி பிரச்சினை அங்கயே தீரும்.

ஒரு ஞாயித்துக்கிழமை வேலை

முதல்ல தேதியைப் பாருங்க. பழைய டெஸ்க்டாப்ல மதர்போர்டுக்குள்ள சிஆர் 2032ன்னு ஒரு ரூபா காசு மாதிரி பேட்டரி இருக்கும். அது தீர்ந்துட்டா, ஒவ்வொரு தடவை பிளக்கைப் பிடுங்கும்போதும் தேதி எதோ ஒரு பழைய வருஷத்துக்குப் போயிடும். தேதி தப்பா இருந்தா பிரவுசர் எந்த சைட்டோட பாதுகாப்புச் சான்றையும் ஏத்துக்காது. பேங்க் சைட், பென்ஷன் சைட் எதைத் திறந்தாலும் "இது பாதுகாப்பானது இல்ல"ன்னு பயமுறுத்தும். அப்பா ஹேக் ஆயிடுச்சுன்னு பதறுவாரு. ஐம்பது ரூபா அளவுல கிடைக்கிற பேட்டரி இது. மெஷினை ஆஃப் பண்ணி, பிளக்கைப் பிடுங்கிட்டு, நீங்களே மாத்திடலாம்.

அடுத்தது, திரையோட ஓரத்துல அடிக்கடி வந்து "வைரஸ் இருக்கு"ன்னு சொல்ற சின்ன பெட்டி. தொண்ணூறு சதவீதம்னு கணக்கு சொல்ல மாட்டேன், ஆனா பெரும்பாலும் அது வைரஸே இல்ல. ஏதோ ஒரு சைட் நோட்டிஃபிகேஷன் அனுமதி கேட்டிருக்கும், அவர் 'அலோ' கொடுத்திருப்பாரு. குரோம் செட்டிங்ஸ்ல நோட்டிஃபிகேஷன் பக்கத்துக்குப் போய் எல்லாத்தையும் நீக்கிட்டு, இனி கேட்கவே கூடாதுன்னு வெச்சிடுங்க.

முழுத்திரை எச்சரிக்கை வந்தா என்ன பண்ணணும்னு அவரையே நாலு தடவை செஞ்சு பழக விடுங்க: எஸ்கேப் பட்டனை அழுத்திப் பிடிக்கணும், அதுக்கப்புறம் விண்டோவை மூடணும். எதுவும் நடக்கலன்னா பவர் பட்டனை பத்து செகண்டு அழுத்தி ஆஃப் பண்ணிடணும். திரும்ப ஆன் பண்ணினதும் பிரவுசர் "பழைய பக்கங்களைத் திறக்கவா?"ன்னு கேட்கும், வேண்டாம்னு சொல்லணும். கம்ப்யூட்டர் கெட்டுப்போயிடுமோன்னு பயப்படுவாரு. கெட்டுப்போகாது, அப்படியே கெட்டாலும் பரவாயில்லன்னு சொல்லுங்க.

பேங்க் சைட்டை கூகுள்ல தேடி போகிற பழக்கத்தை நிறுத்தணும். ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி இந்திய வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள்ள 'டாட் பேங்க் டாட் இன்'னு முடியுற முகவரிக்கு மாறணும்னு ஆச்சு. அந்த முகவரியை நீங்களே டைப் பண்ணி, புக்மார்க்கா போட்டுக் கொடுங்க.

அவர் தினமும் பயன்படுத்துற விண்டோஸ் அக்கவுண்டை ஸ்டாண்டர்டு யூசரா மாத்தி, அட்மின் பாஸ்வேர்டை நீங்க வெச்சுக்கோங்க. புதுசா எதையாவது இன்ஸ்டால் பண்ணப் போனா உங்களைக் கேட்கும். சில ரிமோட் ஆப் இன்ஸ்டால் பண்ணாமலே ஓடும், அதனால இது முழுத் தடுப்பு இல்ல. ஒரு ஸ்பீட் பிரேக்கர் மாதிரி.

தூரத்துல இருந்து எப்படி உதவுறது? என் வழி கொஞ்சம் பழமையா தெரியலாம். அவர் கம்ப்யூட்டர்ல எந்த ரிமோட் ஆப்பும் வேண்டாம். வாட்ஸ்அப் வீடியோ கால் போட்டு, மொபைல் கேமராவைத் திரைப் பக்கம் திருப்பச் சொல்லுங்க. நீங்க பார்த்து சொல்லுங்க, அவர் செய்யட்டும். மெதுவா நடக்கும்தான். ஆனா "எங்க பையனே அந்த மாதிரி ஆப் போடச் சொன்னதில்ல"ங்கிற நினைப்பு அவர் மனசுல உட்கார்ந்துடும். வேற யாராவது போடச் சொன்னா அங்கயே சந்தேகம் வரும்.

பணத்தை எங்க வைக்கிறது?

கம்ப்யூட்டர்ல திறக்கிற அக்கவுண்ட்ல ரெண்டு மாசச் செலவுக்கு மேல இருக்க வேண்டாம். எஃப்டி எல்லாம் வேற பேங்க்ல இருக்கட்டும். அதுக்கு நெட் பேங்கிங்கே வேண்டாம், இல்லன்னா பார்வைக்கு மட்டும் அனுமதி போதும். எஸ்பிஐ மாதிரி வங்கிகள்ல 'வியூ ரைட்ஸ்'னு கேட்டா தருவாங்க. பேலன்ஸ் பார்க்கலாம், பணம் நகராது. மத்த பேங்க்ல தினசரி டிரான்ஸ்ஃபர் லிமிட்டைக் குறைச்சு வைங்க.

போஸ்ட் ஆபீஸ் சீனியர் சிட்டிசன் திட்டம் பத்தி ஏற்கெனவே பேசியிருக்கோம், அதிகபட்சம் 30 லட்சம் போடலாம். வட்டியோட, அதுல இன்னொரு சௌகரியமும் இருக்கு: திரையைப் பார்த்துட்டு இருக்கிற ஒருத்தன் அஞ்சு நிமிஷத்துல அதை முறிச்சு எடுத்துட்டுப் போறது கஷ்டம். நேர்ல போய் கியூல நிக்கணுமேன்னு நாம அலுத்துக்கிறதுதான் இங்க பாதுகாப்பு.

நவம்பர் வந்தா லைஃப் சர்டிபிகேட் காலம். "பென்ஷன் ஆபீஸ்ல இருந்து பேசறோம், அப்டேட் பண்ணலன்னா பென்ஷன் நின்னுடும்"னு போன் வரும். ஜீவன் பிரமாண்ல மொபைல் கேமராவுல முகத்தைக் காட்டியே கொடுத்துடலாம், 2021 நவம்பர்ல இருந்து அந்த வசதி இருக்கு. முடியலன்னா தபால்காரரே வீட்டுக்கு வந்து எடுத்துக் கொடுப்பாரு, கட்டணம் 70 ரூபாய். எந்த வழியிலயும் ஓடிபியை போன்ல யாருக்கும் படிச்சுக் காட்ட வேண்டியதில்ல.

புது மெஷின் வாங்கணுமா?

அவசரம் வேண்டாம். மெதுவா இருக்குன்னா ஹார்டு டிஸ்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி போட்டுப் பாருங்க, பழைய மெஷினே ஓடும். கீபோர்டு, மவுஸ், மானிட்டர் வேணும்னா பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போங்க. பழைய டிரங்க் ரோட்டுல செடி, புறா, பழைய நாற்காலி எல்லாத்துக்கும் நடுவுல கம்ப்யூட்டர் சாமானும் கிடக்கும். அங்க பழைய ஹார்டு டிஸ்க் மட்டும் வாங்காதீங்க. அதே மாதிரி அப்பாவோட ஆதார், பான் ஸ்கேன் இருக்கிற டிஸ்கை பழைய சாமான்காரர்கிட்ட போடவும் கூடாது.

விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. பழைய மெஷின் பலதும் விண்டோஸ் 11-ஐ ஏத்துக்காது. செட்டிங்ஸ்ல அப்டேட் பக்கத்துல போய், மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்ல பேக்கப் ஆன் பண்ணினா காசில்லாம 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் வரும். அதுக்கப்புறமும் மெஷின் நல்லா இருந்தா, பிரவுசர் மட்டும் போதும்ங்கிறவங்களுக்கு லினக்ஸ் மின்ட் இலவசம்.

ஏற்கெனவே பணம் போயிடுச்சுன்னா

முதல்ல இன்டர்நெட்டைப் பிடுங்கி மெஷினை ஆஃப் பண்ணச் சொல்லுங்க. அடுத்த கால் 1930. கூடவே, ஏடிஎம் கார்டு பின்னாடி இருக்கிற நம்பர்ல பேங்க்குக்குச் சொல்லி புகார் எண்ணை வாங்கி எழுதி வைக்கணும், மேல சொன்ன பொறுப்புக் கணக்கு அந்த நேரத்துல இருந்துதான் மாறும். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்துல புகாரைப் பதிவு பண்ணுங்க. பல்லாவரம், தாம்பரம் மாநகர காவல் ஆணையரக எல்லைக்குள்ள வருது, நேர்ல போறதுன்னா அங்க இருக்கிற சைபர் க்ரைம் பிரிவு. பாஸ்வேர்டு எல்லாத்தையும் உங்க போன்ல இருந்து மாத்துங்க, அந்தக் கம்ப்யூட்டர்ல இருந்து வேண்டாம். எப்படி நடந்துச்சுன்னு அப்பாகிட்ட கேட்கிறதை மட்டும் மறுநாளைக்குத் தள்ளி வைங்க, அன்னிக்கு ராத்திரி அவர் சாப்பிட்டாரான்னு பார்த்தா போதும்.