பழியை முன்கூட்டியே எழுதிய தளபதி

போர்ப் படம் என்றால் நம் மனம் எதிர்பார்ப்பது வெடிச் சத்தத்தையும், ரத்தத்தையும், பதுங்கு குழியிலிருந்து பாய்ந்து ஓடும் வீரர்களையும்தான். 2004-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக ராபர்ட் ஹார்மன் இயக்கிய 'ஐக்: கவுன்ட்டவுன் டு டி-டே' இவற்றில் எதையும் தருவதில்லை. இரண்டாம் உலகப் போரின் போக்கை மாற்றிய நார்மண்டிப் படையெடுப்புக்கு முந்தைய 90 நாட்களே அதன் கதைக்களம். அறைகள், மேஜைகள், வரைபடங்கள், தொலைபேசி, சிகரெட் புகை, ஓயாத வாக்குவாதம் என்று படம் நகர்கிறது. போர்க்களக் காட்சி ஒன்றுகூடக் கிடையாது. மீசைக்குப் பெயர்போன நடிகர் டாம் செல்லெக், அந்த மீசையை எடுத்து, தலையையும் மழித்துக்கொண்டு 'ஐக்' என்ற செல்லப்பெயர் கொண்ட அமெரிக்கத் தளபதி ஐசனோவராக நடித்திருக்கிறார். இதே படையெடுப்பைப் பற்றி 1962-இல் வந்த புகழ்பெற்ற 'தி லாங்கஸ்ட் டே' படத்தில் ஐசனோவர் சில நிமிடங்களே தலைகாட்டுகிறார். 1998-இல் வந்த 'சேவிங் பிரைவேட் ரயன்' கடற்கரையில் விழுந்த உடல்களை நம் கண்ணெதிரே நிறுத்தியது. அந்த இரு படங்களும் படையெடுப்பு எப்படி நடந்தது என்று காட்டின. யாருடைய பொறுப்பில் நடந்தது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டது, சுடும் சத்தமே இல்லாத இந்தச் சின்னப் படம்தான்.

அந்தக் கேள்விக்கு வரலாறு தரும் பதில் இன்றைக்கும் நமக்குப் பயன்படும். முழு அதிகாரத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளும் துணிவும், முழுப் பழியையும் ஏற்றுக்கொள்ளும் துணிவும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும். ஒன்றில்லாமல் மற்றொன்று இருந்தால் அது தலைமை ஆகாது. ஐசனோவரின் 1944-ஆம் ஆண்டு வசந்த காலம் இதற்குச் சான்று. அவர் முதல் உலகப் போரில் களம் காணாதவர். டெக்சாஸில் பிறந்து கன்சாஸ் மாநிலத்தின் அபிலீனில் எளிய குடும்பத்தில் வளர்ந்தவர். 1943 டிசம்பரில் அவரைப் படையெடுப்புக்கான நேச நாட்டுப் படைகளின் உச்சத் தளபதியாக அறிவித்தபோது, பிரிட்டிஷ், அமெரிக்கத் தளபதிகள் பலருக்கு அவரைவிடக் கள அனுபவம் அதிகம். அப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டு, ஆங்கிலக் கால்வாயைக் கடந்து ஒரே நாளில் சுமார் 1,56,000 பேரை எதிரியின் கரையில் இறக்கும் வேலையை அவர் முடிக்க வேண்டியிருந்தது.

முதல் மோதல் அதிகாரம் பற்றியதுதான். ஜெர்மானியர்கள் நார்மண்டிக்குத் துணைப்படை அனுப்ப முடியாதபடி பிரான்சின் ரயில் சந்திப்புகளையும் பாலங்களையும் முன்னதாகவே தகர்க்க வேண்டும் என்று ஐசனோவரும் அவருடைய துணைத் தளபதி டெடரும் திட்டமிட்டனர். அதற்குக் கனரகக் குண்டுவீச்சு விமானங்கள் வேண்டும். அவையோ பிரிட்டனின் ஆர்தர் ஹாரிஸ், அமெரிக்காவின் கார்ல் ஸ்பாட்ஸ் ஆகியோரின் கையில் இருந்தன. ஒருவர் ஜெர்மன் நகரங்களைத் தாக்குவதிலும், மற்றவர் எண்ணெய் ஆலைகளைத் தாக்குவதிலும் உறுதியாக இருந்தனர். இழுபறி நீண்டபோது, 1944 மார்ச்சில், இந்த விமானப்படைகள் தன் வழிகாட்டுதலுக்குள் வராவிட்டால் பொறுப்பிலிருந்து தன்னை விடுவிக்கக் கேட்கப்போவதாக ஐசனோவர் எழுதிவைத்தார். ஏப்ரலில் அவர் கேட்டது கிடைத்தது. இதைப் பதவி ஆசை என்று சொல்லிவிட முடியாது. 1942 ஆகஸ்டில் பிரான்சின் தியெப் துறைமுகத்தின்மீது நடந்த தாக்குதலை நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். அந்தத் தாக்குதலால் 900-க்கும் மேற்பட்ட கனடிய வீரர்கள் மாண்டார்கள். ஒருமுறை கைவிடப்பட்ட அந்தத் திட்டத்துக்கு மீண்டும் உயிர்கொடுத்தவர் யார், இறுதி ஒப்புதல் தந்தவர் யார் என்று வரலாற்றாசிரியர்கள் பல பத்தாண்டுகளாக வாதிட்டு வருகிறார்கள். அதிகாரம் பலர் கையில் சிதறிக் கிடந்தால், தோல்விக்குப் பின் பழியும் அப்படியே சிதறிவிடும். தன் படையெடுப்புக்கு அந்தக் கதி வரக் கூடாது என்றால், கடிவாளம் தன் ஒருவர் கையில் இருக்க வேண்டும் என்று ஐசனோவர் கண்டார்.

அப்படி வாங்கிய அதிகாரத்தை அவர் எப்படிக் கையாண்டார் என்பதற்குப் படம் ஒரு கசப்பான நிகழ்வைக் காட்டுகிறது. வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் ஐசனோவரோடு படித்த ஹென்றி மில்லர் என்ற விமானப்படைத் தளபதி, ஏப்ரலில் லண்டன் ஹோட்டல் ஒன்றில் பலர் காதுபட, படையெடுப்பு ஜூன் 15-க்கு முன் நடந்துவிடும் என்று பேசிவிட்டார். பழைய நட்பைச் சொல்லி அவர் மன்னிப்புக் கேட்டும் பயனில்லை. மேஜர் ஜெனரலாக இருந்தவர் லெப்டினன்ட் கர்னலாகப் பதவி இறக்கப்பட்டு அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். அதே மாதம் தேவையில்லாத மேடைப் பேச்சால் வம்பை விலைக்கு வாங்கிய அமெரிக்கத் தளபதி பேட்டனை ஐசனோவர் வைத்துக்கொண்டார் என்பதும் உண்மை. இது பாரபட்சம் இல்லையா என்று கேட்கலாம். பேட்டனின் பேச்சு அரசியல் சங்கடத்தைத்தான் உண்டாக்கியது. மில்லரின் பேச்சோ வீரர்களின் உயிரைப் பணயம் வைத்தது. எந்தத் தவறை யார் தலையில் விடிய விடக் கூடாது என்ற கணக்கு அவரிடம் தெளிவாக இருந்தது.

அதிகாரம் கையில் வந்தபின் பலர் எதிர்ப்புக் குரலைக் கேட்பதை நிறுத்திவிடுவார்கள். ஐசனோவர் எதிர்ப்பைக் காகிதத்தில் ஏற்றினார். மே மாதக் கடைசியில், விமானப்படைத் தளபதி லீ-மாலரி அவரிடம் வந்து, நார்மண்டியின் உடா கடற்கரைக்குப் பின்னால் பாராசூட்டிலும் கிளைடரிலும் இறங்கவிருக்கும் இரண்டு அமெரிக்க டிவிஷன்களில் பெரும்பகுதி அழிந்துபோகும், அந்த இறக்கத்தைக் கைவிட வேண்டும் என்று வற்புறுத்தினார். அந்த இறக்கம் இல்லையென்றால் உடா கடற்கரையில் இறங்கவே முடியாது. உடா இல்லையென்றால் ஷெர்பூர் துறைமுகம் எட்டாக்கனி. ஐசனோவர் உடனே மறுத்துப் பேசவில்லை. சொன்னதை எழுத்தில் தரும்படி கேட்டுக்கொண்டார். லீ-மாலரியின் ஆலோசனை புறக்கணிக்கப்பட்டு அழிவு நேர்ந்தால் அவர்மீது குற்றம் விழக் கூடாது என்பதற்காகவே அப்படிக் கேட்டதாகப் பின்னாளில் தம் போர் நினைவு நூலில் குறிப்பிட்டார். நின்று யோசித்தால் இதன் கனம் புரியும். நாளை விசாரணை நடந்தால் தனக்கு எதிராக நிற்கப்போகும் சாட்சியத்தை, தானே கேட்டு வாங்கித் தன் கோப்பில் வைத்துக்கொண்டார். பிறகு தனியே அமர்ந்து யோசித்து, இறக்கம் திட்டமிட்டபடி நடக்கும் என்று முடிவைத் தெரிவித்தார். ஜூன் 5 மாலை கிரீனம் காமன் விமானத் தளத்துக்குப் போய், தான் அனுப்பும் அந்த வீரர்களையே நேரில் பார்த்துப் பேசினார். முகத்துக்குக் கரி பூசிக்கொண்டிருந்த இளைஞர்களிடம் ஊர் எது, என்ன தொழில் என்று விசாரித்துக்கொண்டு நிற்கும் அவரைப் புகைப்படங்களில் இன்றும் காணலாம்.

வானிலை பற்றிய முடிவும் இதே வகைதான். விடியலையொட்டிக் கடல் வற்றியிருக்க வேண்டும். முந்தைய இரவில் பாராசூட் வீரர்களுக்கு நிலவொளி வேண்டும். இரண்டும் கூடிவரும் நாட்கள் மாதத்தில் மிகச் சில. ஜூன் 5 என்று குறித்திருந்தார்கள். தலைமை வானிலை ஆலோசகர் ஜேம்ஸ் ஸ்டாக், ஒன்றோடொன்று முரண்பட்ட மூன்று வானிலைக் குழுக்களின் கணிப்புகளை ஒன்றாக்கிச் சொல்ல வேண்டியவர். புயல் வருகிறது என்று அவர் சொன்னதால் ஜூன் 4 விடியற்காலையில் ஒரு நாள் ஒத்திவைக்கப்பட்டது; கடலில் இறங்கிவிட்ட கப்பல்கள் திரும்பி அழைக்கப்பட்டன. அன்றிரவு ஒன்பதரை மணிக்கு, போர்ட்ஸ்மத் அருகே சவுத்விக் மாளிகையின் நூலக அறையில் மீண்டும் கூடினார்கள். வெளியே மழையும் காற்றும். 6-ஆம் தேதி சிறிது நேரம் வானம் தெளியும் என்றார் ஸ்டாக். மேகம் குண்டுவீச்சைக் கெடுக்கும் என்று லீ-மாலரியும் டெடரும் தயங்கினார்கள். போகலாம் என்றார் தரைப்படைத் தளபதி மாண்ட்கோமரி. 6-ஆம் தேதிதான் என்றால் அடுத்த அரை மணி நேரத்தில் கப்பல்களுக்குச் செய்தி போயாக வேண்டும் என்றார் கடற்படைத் தளபதி ராம்சே. எல்லோருடைய வாதமும் முடிந்தது. பேச வேண்டியவர் ஒருவர்தான் மீதம். போகலாம் என்று அவர் சொன்ன சொற்களை அங்கிருந்தவர்களே ஆளுக்கொரு விதமாகப் பதிவுசெய்திருக்கிறார்கள். சொன்னவர் யார் என்பதில் மட்டும் யாருக்கும் குழப்பமில்லை.

அடுத்த நாள், கப்பல்கள் புறப்பட்டபின், அவர் ஒரு சிறிய தாளில் பென்சிலால் சில வரிகள் எழுதினார். படையெடுப்பு தோற்றால் வெளியிட வேண்டிய அறிவிப்பு அது. தரையிறக்கம் தோற்றுவிட்டது, கிடைத்த தகவல்களை வைத்தே இந்த நேரத்தையும் இடத்தையும் தேர்ந்தெடுத்தேன், வீரர்கள் தங்களால் இயன்ற அனைத்தையும் செய்தார்கள், குற்றம் ஏதும் இருந்தால் அது என் ஒருவனுடையது என்பது அதன் சாரம். களைப்பில் ஜூன் என்பதற்குப் பதில் ஜூலை 5 என்று தேதியிட்டிருக்கிறார். அபிலீனில் உள்ள அவருடைய நூலகத்தில் இருக்கும் அந்தத் தாளில் ஓர் அடித்தல் கவனிக்கத்தக்கது. படைகள் திரும்பப் பெறப்பட்டுவிட்டன என்று முதலில் எழுதியதை அடித்துவிட்டு, நான் படைகளைத் திரும்பப் பெற்றுவிட்டேன் என்று மாற்றியிருக்கிறார். அறிக்கைகள் வழக்கமாக ஒளிந்துகொள்ளும் இடத்திலிருந்து தன்னை வெளியே இழுத்து நிறுத்திக்கொண்டார். மார்ச்சில் அதிகாரம் வேண்டும் என்று அடம்பிடித்ததும், ஜூனில் பழி என்னுடையது என்று எழுதியதும் ஒரே நேர்மையின் இரு முகங்கள்.

இதற்கு எழக்கூடிய முதல் மறுப்பு: வென்றதால்தானே இவரைப் புகழ்கிறோம்? வானம் தெளியாமல் போயிருந்தால்? அதிர்ஷ்டத்தின் பங்கை மறுக்க முடியாது. ஓதம் மீண்டும் கூடிவந்த நாட்களில், ஜூன் 19 முதல், கால்வாயில் பெரும்புயல் அடித்து ஒமாகா கடற்கரையில் அமைத்திருந்த செயற்கைத் துறைமுகத்தையே நொறுக்கியது. தள்ளிப்போட்டிருந்தால் அதில்தான் மாட்டியிருப்பார்கள். ஆனால் நாம் எடைபோடுவது வெற்றியை அல்ல. லீ-மாலரியின் கடிதம் கேட்டு வாங்கப்பட்டதும், பென்சில் தாள் எழுதப்பட்டதும் முடிவு தெரிவதற்கு முன்பு. தோற்றிருந்தாலும் அவை அதே சொற்களோடுதான் இருந்திருக்கும். வென்றபின் பெருந்தன்மை பேசுவது எளிது. தோல்விக்குத் தன் பெயரை முன்கூட்டியே கொடுத்துவைப்பதில் பின்னறிவுக்கு இடமே இல்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது: படம் ஒரு தனிமனிதரைக் கொண்டாடி, மற்றவர்களை மறைக்கிறது என்பது. இதில் நியாயம் உண்டு. தொடக்கத் திட்டத்தை வகுத்தவர் பிரெடரிக் மார்கன். கப்பல் ஏற்பாடு முழுவதும் ராம்சேயின் உழைப்பு. அயர்லாந்தின் மேற்குக் கரையில் பிளாக்சாட் என்ற ஊரிலிருந்து வந்த வானிலைக் குறிப்புகள் இல்லாமல் ஸ்டாக்கால் கணித்திருக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ரயில் சந்திப்புகளின்மீது விழுந்த குண்டுகள் பிரெஞ்சுப் பொதுமக்களை ஆயிரக்கணக்கில் கொன்றன. அதை எண்ணிச் சர்ச்சிலே கலங்கினார். மனம் உறுத்தி ரூஸ்வெல்ட் வரை முறையிட்டார். தளபதியின் முகத்தை மட்டும் நெருக்கத்தில் காட்டும் படத்தில் அந்த ஊர்களின் முகம் தெரிவதில்லை. இது குறைதான். தான் கேட்டு வாங்கிய அதிகாரத்தின் விலையை வேறொரு நாட்டு மக்கள் கொடுத்தார்கள் என்பதையும் ஐசனோவரின் கணக்கில்தான் எழுத வேண்டும். பொறுப்பு ஒருவருடையது என்று சொன்னால் புகழோடு இதுவும் சேர்ந்தே வரும். அந்த வகையில் இந்த மறுப்பு என் வாதத்தை முறிக்கவில்லை. அதை இன்னும் கறாராக்குகிறது.

மூன்றாவதாக, ஒரே ஆளிடம் இவ்வளவு அதிகாரம் குவிவது ஆபத்தில்லையா, ஹிட்லர் செய்ததும் அதுதானே என்று கேட்கலாம். மறுகரையில் நடந்ததே இதற்குப் பதில். டாங்கிப் படைகளைக் கரையோரம் நிறுத்த வேண்டும் என்றார் ஜெர்மன் தளபதி ரோமெல். உள்நாட்டில் வைத்திருக்க வேண்டும் என்றார் இன்னொரு ஜெர்மன் தளபதியான ருண்ட்ஸ்டெட். ஹிட்லர் இருவருக்கும் நடுவே ஓர் ஏற்பாடு செய்து, முக்கியமான டாங்கிப் படைகளைத் தன் அனுமதியின்றி நகர்த்தக் கூடாது என்று வைத்துக்கொண்டார். ஜூன் 6 அன்று ரோமெல் மனைவியின் பிறந்தநாளுக்காக ஜெர்மனியில் இருந்தார், ஹிட்லர் உறங்கிக்கொண்டிருந்தார், படைகளை நகர்த்தும் அனுமதி பிற்பகலில்தான் வந்தது. அங்கே குவிந்த அதிகாரத்திடம் எதிர்க்கருத்தை எழுதித் தா என்று கேட்கும் காது இல்லை. குற்றம் என்னுடையது என்று எழுதும் கையும் இல்லை. தோல்விகளுக்குத் தளபதிகள் பலியிடப்பட்டார்கள். கேட்கும் காதும் ஏற்கும் கையும் அறுபட்ட இடத்தில்தான் குவிந்த அதிகாரம் கொடுங்கோலாகிறது.

ஆகவே இந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் ஒரு வீரத் தளபதியின் புகழ்ச்சியோடு எழுந்துவிட வேண்டியதில்லை. இன்று நம்மிடையே பாலம் இடிந்தாலும், நெரிசலில் உயிர்கள் போனாலும், வினாத்தாள் கசிந்தாலும், 'தவறு நடந்துவிட்டது' என்ற அறிக்கை வருகிறது. தவறைச் செய்தவர் அந்த வாக்கியத்தில் இருப்பதில்லை. விசாரணைக் குழு அமைகிறது. கடைசியில் கடைநிலை ஊழியர் ஒருவர் பணியிடை நீக்கம் செய்யப்படுகிறார். தலைமை நாற்காலியில் அமர வருபவரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இந்த வேலைக்குத் தேவையான அதிகாரத்தை வெளிப்படையாகக் கேட்டீர்களா? உங்கள் முடிவுக்கு எதிரான கருத்தை எழுத்தில் வாங்கி வைத்திருக்கிறீர்களா? தோற்றால் யாருடைய பெயர் வரும் என்பதை வேலை தொடங்கும் முன்பே சொல்வீர்களா? மூன்றுக்கும் ஆம் என்பவர் தோற்றாலும் மதிக்கத்தக்கவர். இல்லை என்பவர் வென்றாலும், அந்த வெற்றியில் அவருக்கு உரிமை குறைவு.