டாக்குமென்ட் டேட்டாபேஸ்: உங்கள் தொழிலுக்கு எது பொருந்தும்?

புதிய மென்பொருள் எழுதத் தொடங்கும்போது, “எந்த டேட்டாபேஸ் போடலாம்?” என்று டெவலப்பர் கேட்பார். “உங்களுக்குப் பழக்கமானதைப் போடுங்கள்” என்று முதலாளி சொல்லிவிடுவார். ஆனால் மென்பொருளில் பிற்பாடு மாற்றுவதற்கு அதிகச் செலவு பிடிக்கும் பகுதி டேட்டாபேஸ்தான். திரைகளைச் சில வாரங்களில் திருத்தி எழுதலாம். பல வருடத் தகவலை, தொழில் நிற்காமல், ஒன்று விடாமல் வேறு இடத்துக்கு மாற்றுவது மிகக் கடினம். அதனால் இந்தத் தேர்வின் அடிப்படை தொழிலை நடத்துபவருக்கும் புரிந்திருக்க வேண்டும்.

எதற்கு உதவும்?

வழக்கமான டேட்டாபேஸில் தகவல் டேபிள்களாகப் பிரிந்திருக்கும். வாடிக்கையாளருக்கு ஒரு டேபிள், பொருளுக்கு ஒன்று, பில்லுக்கு ஒன்று, பில்லின் ஒவ்வொரு வரிக்கும் இன்னொன்று. ஒரு பில்லைத் திரையில் காட்ட இவற்றையெல்லாம் இணைத்துப் படிக்க வேண்டும். டாக்குமென்ட் டேட்டாபேஸில் பெயர், முகவரி, பொருள்கள், வரி, தள்ளுபடி எல்லாம் சேர்ந்து அந்தப் பில் ஒரே பதிவாக இருக்கும். அந்தப் பதிவைத்தான் டாக்குமென்ட் என்கிறார்கள். பெரும்பாலும் அது ஜேசான் என்ற வடிவத்தில் எழுதப்படும்.

இந்த முறை இரண்டு இடங்களில் நன்றாகக் கைகொடுக்கும். ஒன்று, பொருளுக்குப் பொருள் விவரம் மாறும் இடம். சேலைக்கு நீளமும் பார்டரும் வேண்டும்; ஃபிரிட்ஜுக்கு லிட்டரும் ஸ்டார் ரேட்டிங்கும் வேண்டும். டேபிளின் அமைப்பை மாற்றாமலே ஒவ்வொன்றுக்கும் உரிய விவரத்தை எழுதிக்கொள்ளலாம்.

இன்னொன்று, எழுதிய நாளில் இருந்தபடியே நிற்க வேண்டிய பதிவு. 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முந்தைய நாள் போட்ட பில்லை இன்று திறந்தாலும் அதில் 28 தான் தெரிய வேண்டும். டேபிள்களிலும் இதைச் செய்யலாம். ஆனால் எழுதுபவர் முன்யோசனையோடு செய்ய வேண்டும். டாக்குமென்டில் வரி விகிதம் பில்லுக்குள்ளேயே பதிவாகிவிடுவது இயல்பான வழக்கம்.

எங்கே இடறும்?

ஒரே தகவல் பல டாக்குமென்ட்களில் திரும்பத் திரும்ப இருக்கும். பழைய பில்லில் பழைய முகவரி இருப்பது சரி. ஆனால் டெலிவரிக்குக் காத்திருக்கும் பத்து ஆர்டர்களில் வாடிக்கையாளரின் போன் எண் மாற வேண்டுமானால், பத்தையும் தேடித் திருத்த வேண்டும்.

“அறுபது நாளைத் தாண்டிய பாக்கி யார் யாரிடம் இருக்கிறது? அவர்கள் கடைசியாக வாங்கிய பொருளில் நமக்கு லாபம் எவ்வளவு?” போன்ற குறுக்குக் கேள்விகள்தான் அடுத்த சிக்கல். வாடிக்கையாளர், பில், கொள்முதல் மூன்றையும் இணைக்கும் இத்தகைய கேள்விகளுக்காகவே உருவானவை டேபிள்களும் எஸ்க்யூஎல் மொழியும். கணக்கு, ஸ்டாக், சம்பளம் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை.

முன்னால் இருக்கும் தேர்வுகள்

*மோங்கோடிபி:* 2009இல் வெளியானது. இந்த வகையில் மிகப் பரவலாக அறியப்பட்டது. தெரிந்த டெவலப்பர்கள் எளிதாகக் கிடைப்பார்கள். தகவல் பெருகும்போது பல சர்வர்களில் பிரித்து வைக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. பல டாக்குமென்ட்களை ஒரே நேரத்தில் மாற்றி, ஒன்று தவறினால் எல்லாவற்றையும் ரத்து செய்யும் டிரான்ஸாக்ஷன் வசதி 2018இல் வந்த 4.0 பதிப்பில் சேர்ந்தது. ஒரு டாக்குமென்ட் 16 எம்பியைத் தாண்டக் கூடாது. அதே 2018இல் லைசென்ஸும் மாறியது. உங்கள் கம்பெனிக்குள் பயன்படுத்தத் தடையில்லை; மோங்கோடிபியையே பிறருக்குச் சேவையாக விற்க நினைத்தால் மட்டும் கடுமையான நிபந்தனைகள் உண்டு. நிர்வாகத்தை அவர்களிடமே விட, அட்லஸ் என்ற கட்டணச் சேவை இருக்கிறது.

*போஸ்ட்கிரெஸ்:* இது டேபிள் வகை டேட்டாபேஸ். ஆனால் 2014இல் வந்த 9.4 பதிப்பிலிருந்து, ஜேசான்பி என்ற வடிவில் முழு டாக்குமென்டையும் ஒரு டேபிளுக்குள் வைக்கலாம். அதன் உள்விவரங்களுக்கு இன்டெக்ஸ் போட்டு வேகமாகத் தேடலாம். கணக்கும் ஸ்டாக்கும் டேபிளில், மாறிக்கொண்டே இருக்கும் பொருள் விவரம் ஜேசான்பியில் என்று இரண்டையும் ஒரே இடத்தில் நடத்தலாம். லைசென்ஸ் கட்டணம் கிடையாது. குறையும் உண்டு. டாக்குமென்டில் ஒரு சிறு விவரம் மாறினாலும் அது முழுவதும் திரும்ப எழுதப்படும். தகவலைப் பல சர்வர்களில் தானாகப் பிரித்து வைக்க, தனி நீட்டிப்புகளை நாட வேண்டும்.

*ஃபயர்ஸ்டோர்:* கூகுளின் கிளவுட் சேவை. மொபைல் ஆப்புக்கு ஏற்றது. ஒரு போனில் நடந்த மாற்றம் மற்ற போன்களில் உடனே தெரியும். சிக்னல் போனாலும் ஆப் வேலை செய்து, பிறகு தானே சேர்ந்துகொள்ளும். சர்வரைக் கவனிக்க ஆள் தேவையில்லை. ஆனால் படிப்பது, எழுதுவது, அழிப்பது ஒவ்வொன்றுக்கும் கட்டணம். 500 ஆர்டர்களைக் காட்டும் பட்டியலைத் திறந்தால் 500 முறை படித்ததாகவே கணக்கு. தகவல் எந்த ஊர் டேட்டா சென்டரில் இருக்கும் என்பதைத் தொடக்கத்தில் தேர்ந்தெடுத்தபின் மாற்ற முடியாது.

*கவுச்டிபி, கவுச்பேஸ்:* பெயர் ஒத்திருந்தாலும் இரண்டும் வெவ்வேறு. டேமியன் காட்ஸ் 2005இல் தொடங்கிய கவுச்டிபி இப்போது அப்பாச்சி அமைப்பின் ஓப்பன் சோர்ஸ் திட்டம். பல இடங்களில் தனித்தனியே எழுதி, இணைப்பு வந்ததும் ஒன்றுசேர்ப்பதுதான் அதன் பலம். ஒரே டாக்குமென்டை இருவர் இரண்டு விதமாக மாற்றியிருந்தால் இரண்டையும் வைத்துக்கொள்ளும். எது சரி என்று தீர்க்கும் பொறுப்பு உங்கள் மென்பொருளுடையது. கவுச்பேஸ் ஒரு நிறுவனத்தின் தயாரிப்பு. எஸ்க்யூஎல் போன்ற மொழியில் கேள்வி கேட்கலாம். போனுக்குள் இயங்கும் பதிப்பும் உண்டு. நெட் நிலையில்லாத குடோன்களுக்கும் விற்பனைப் பிரதிநிதிகளுக்கும் இந்த இரண்டையும் பரிசீலிக்கலாம்.

இவை தவிர அமேசானின் டைனமோடிபி, டாக்குமென்ட்டிபி, மைக்ரோசாஃப்டின் காஸ்மோஸ் டிபி ஆகியவையும் உள்ளன. அந்தந்த கிளவுடில் ஏற்கனவே இருப்பவர்களுக்கு வசதி. டைனமோடிபியில் ஒரு பதிவு 400 கேபியைத் தாண்ட முடியாது. எப்படியெல்லாம் தேடப்போகிறோம் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். டாக்குமென்ட்டிபி மோங்கோடிபியின் மொழியைப் புரிந்துகொள்ளும். ஆனால் அது மோங்கோடிபி இல்லை, எல்லா வசதியும் அதில் இருக்காது.

ஒரு பத்திரிகையின் அனுபவம்

லண்டனின் ‘தி கார்டியன்’ தன் இணையச் செய்திகளை, சுமார் 23 லட்சம் பதிவுகளை, மோங்கோடிபியில் வைத்திருந்தது. கட்டுரை, படத்தொகுப்பு, வீடியோ என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம் என்பதால் டாக்குமென்ட் முறை அவர்களுக்குப் பொருத்தமே. ஆனால் அமேசான் கிளவுடில் அந்த டேட்டாபேஸைத் தாங்களே நிர்வகிப்பது பெரும் சுமையானது. டைனமோடிபிக்குப் போக நினைத்தார்கள். சேமித்த தகவலை என்கிரிப்ட் செய்யும் வசதி அப்போது அதில் இல்லை. கடைசியில் 2018இல் போஸ்ட்கிரெஸுக்கு மாறி, டாக்குமென்ட்களை அதே வடிவில் ஜேசான்பியாக வைத்தார்கள். புதிய அமைப்பையும் பழையதையும் சிலகாலம் அருகருகே ஓட்டி, இரண்டும் ஒரே பதிலைத் தருகின்றனவா என்று ஒப்பிட்ட பிறகே பழையதை நிறுத்தினார்கள்.

டாக்குமென்ட் முறை தவறு என்பதற்காக அவர்கள் மாறவில்லை. அந்த முறையை மாற்றத்துக்குப் பிறகும் தொடர்ந்தார்கள். யார் பராமரிப்பது என்பதே அங்கே முடிவைத் தீர்மானித்தது.

கையெழுத்திடும் முன்

பராமரிப்பை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதை 2017 ஜனவரி காட்டியது. பாஸ்வேர்டு போடாமல் இணையத்தில் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான மோங்கோடிபி டேட்டாபேஸ்களை அழித்துவிட்டு, திருடர்கள் பணம் கேட்டார்கள். அதனால் எந்த டேட்டாபேஸானாலும் இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

• இதை அன்றாடம் கவனிக்கப்போவது யார்? அவர் வேலையை விட்டால் யார்?
• பேக்கப் எங்கே இருக்கிறது? அதிலிருந்து திரும்ப எடுத்துப் பார்த்தது எப்போது?
• தகவல் இப்போதைவிடப் பத்து மடங்கானால் மாதச் செலவு எவ்வளவு?
• வேறு இடத்துக்குப் போக வேண்டுமானால் முழுத் தகவலையும் எந்த வடிவில் எடுக்கலாம்?
• 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒருவர் தன் விவரத்தை அழிக்கச் சொன்னால், அது எந்தெந்த டாக்குமென்டில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியுமா?

பில்லும் ஸ்டாக்கும் கணக்கும் ஒன்றோடொன்று பின்னிய சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு என் பரிந்துரை, போஸ்ட்கிரெஸை ஒரு நிர்வகிக்கப்பட்ட சேவையில் எடுத்து, மாறும் விவரங்களுக்கு மட்டும் ஜேசான்பியைப் பயன்படுத்துவது. நெட் இல்லாத இடத்தில் வேலை நடக்க வேண்டுமா? ஃபயர்ஸ்டோரையும் கவுச் குடும்பத்தையும் பாருங்கள். தகவலில் பெரும்பகுதி வடிவம் மாறும் டாக்குமென்ட்களாக இருந்து, பல சர்வர்களுக்கு வளரும் என்பது உறுதியா? மோங்கோடிபி தகுந்த தேர்வு. தேர்ந்தெடுக்கும் முன், உங்கள் தொழிலில் தினமும் எழும் பத்துக் கேள்விகளை ஒரு தாளில் எழுதி டெவலப்பரிடம் கொடுங்கள். அந்தப் பத்துக்கும் உங்கள் சொந்தத் தகவலை வைத்து விடை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். விளம்பரமும் நண்பர்களின் சிபாரிசும் சொல்லாததை அந்தச் சோதனை சொல்லிவிடும்.