உதவி கேட்ட இடத்தில் ஏச்சு விழுந்தால்

திருவையாற்றுப் பக்கம் பயிருக்கு ஒன்று என்றால் இன்று பலரும் முதலில் கேட்பது கைபேசியில் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில்தான். நெல் விவசாயிகளுக்கு ஒரு குழு, சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு குழு, புதிதாய்ப் பிள்ளை பெற்ற பெண்களுக்கு ஒரு குழு, போட்டித் தேர்வு எழுதுபவர்களுக்கு ஒரு குழு. இரவு பத்து மணிக்குக் கேட்டாலும் பதில் சொல்ல ஆள் இருக்கிறது. பெரிய உதவி இது. ஆனால் ஒரே ஒரு கேள்வி கேட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டு, அதற்குப் பிறகு வாயே திறக்காமல் இருப்பவர்களும் இந்தக் குழுக்களில் ஏராளம்.

இப்படி ஓர் உரையாடலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெளியூர் வேலையை விட்டுவிட்டு நிலத்துக்குத் திரும்பிய ஒரு பையன், சம்பா நட்டு மூன்று வாரம் ஆன பயிரைப் படமெடுத்துப் போடுகிறான். "அண்ணே, அடி இலையெல்லாம் துரு மாதிரி புள்ளி விழுந்து பழுக்குது. என்ன அடிக்கலாம்?" முதல் பதில்: "மேல தேடிப் பாருப்பா, போன வாரம்தான் சொன்னோம்." அடுத்தது: "இதுகூடத் தெரியாம எதுக்கு வெள்ளாமைக்கு வந்தே?" அதற்குக் கீழே நாலைந்து சிரிப்புப் பொம்மைகள். எல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு பெரியவர் எழுதுகிறார்: "தம்பி, சிங்க் சத்துக் குறைவு மாதிரி தெரியுது. தண்ணிய வடிச்சிட்டு, பத்து லிட்டருக்கு அம்பது கிராம் சிங்க் சல்பேட், நூறு கிராம் யூரியா கலந்து அடிச்சுப் பாருங்க." பையனுக்கு வேண்டிய பதில் அதுதான். அது வருவதற்குள் அவன் கைபேசியை மூடி வைத்திருப்பான்.

அவன் மனம் பலவீனமானது என்று சொல்லிவிட முடியாது. ராய் பாமைஸ்டரும் அவரோடு சேர்ந்த உளவியலாளர்களும் பல துறை ஆய்வுகளைத் தொகுத்து 2001-ல் எழுதிய கட்டுரை, நல்ல சொல்லைவிடக் கடுஞ்சொல் மனத்தில் வலுவாகப் பதிகிறது என்று காட்டியது. யாரிடம் இருந்து வருகிறது என்பதும் முக்கியம். கடைத்தெருவில் முன்பின் தெரியாதவன் திட்டினால் துடைத்துப் போட்டுவிடலாம். தெரியாது என்று ஒப்புக்கொண்டு, இவர்கள் நம் ஆட்கள் என்று நம்பிக் கேட்ட இடத்தில் விழும் சொல் அப்படிப் போகாது. நோயாளிக் குழுக்களில் இது இன்னும் கொடுமை. கேட்பவர் ஏற்கெனவே பயந்து போயிருக்கிறார்.

ஏன் இப்படிப் பேசுகிறார்கள்? முகம் பார்த்துப் பேசும்போது இருக்கும் கூச்சம் திரைக்குப் பின்னால் கழன்றுவிடுவதை ஜான் சூலர் என்ற உளவியலாளர் 2004-ல் விளக்கினார். எதிராளி முகம் வாடுவது தெரிவதில்லை, உடனே பதில் சொல்லும் கட்டாயமும் இல்லை; அதனால் வாயில் வராத சொல் விரலில் வந்துவிடுகிறது. இது ஒரு பாதி. மறுபாதியைப் பலர் கவனிப்பதில்லை. உதவிக் குழுக்களில் எரிந்து விழுபவர் பெரும்பாலும் வம்பன் அல்ல, அங்கே நெடுநாள் உழைத்தவர். ஒரே கேள்விக்கு நூறு தடவை பதில் சொல்லிச் சலித்தவர். இடத்தைக் கட்டிக் காத்தது நான், நேற்று வந்தவனுக்கு அதன் அருமை என்ன தெரியும் என்ற எண்ணம் மெல்ல மெல்ல அவருக்குள் ஏறிவிடுகிறது. லினக்ஸ் மென்பொருளை உருவாக்கிய லீனஸ் டோர்வால்ட்ஸ் பல ஆண்டுகள் சக நிரலாளர்களை மின்னஞ்சலில் கடுமையாக ஏசிவந்தார். 2018 செப்டம்பரில் அதற்கு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டுச் சில வாரம் ஒதுங்கி இருந்தார். அவர் உழைப்பு உண்மை. அந்த ஏச்சால் பட்ட காயமும் உண்மை.

இதற்கு நம் ஊரிலேயே ஒரு பழைய பாடம் இருக்கிறது. கைபேசிக்கு வெகுகாலம் முன்பு, காவிரிக் கரையில் நடந்தது.

கர்நாடக இசை மேதை தியாகராஜர் 1847 ஜனவரி 6-ல் திருவையாற்றில் சித்தியடைந்தார். அன்று புஷ்ய பகுள பஞ்சமி, அதாவது புஷ்ய மாதத் தேய்பிறையின் ஐந்தாம் நாள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவருடைய சீடர் மரபில் வந்த உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் சமாதியைச் சீர்செய்தார்கள். பிறகு தில்லைஸ்தானம் நரசிம்ம பாகவதரும் அவர் தம்பி பஞ்சு பாகவதரும் அந்த நாளில் நடக்கும் நினைவு ஆராதனையைப் பெரிதாக நடத்தினார்கள். சில ஆண்டுகளுக்குள் பிளவு வந்தது. பெரிய கட்சி, சின்ன கட்சி என்று இரண்டு ஆராதனைகள். சின்ன கட்சிக்குப் பஞ்சமிக்கு முந்தைய ஐந்து நாள், பெரிய கட்சிக்குப் பஞ்சமி தொடங்கி ஐந்து நாள் என்று வழக்கமாகிப் போனது. சமையல் வேறு, பந்தல் வேறு, பாட்டு வேறு. இத்தனைக்கும் இரு தரப்பிலும் இருந்தவர்கள் பெரிய வித்வான்கள், பக்திமான்கள். இரண்டு கட்சிக்கும் பொதுவாக இருந்தது ஒரே ஒரு விஷயம்: பெண்கள் அங்கே பாடக் கூடாது.

1921-ல் பெங்களூர் நாகரத்தினம்மாளுக்கு அவருடைய குரு பிடாரம் கிருஷ்ணப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. சமாதி கவனிப்பாரற்றுக் கிடக்கிறது என்று எழுதியிருந்தார். தேவதாசி மரபில் பிறந்து, பாட்டால் பேரும் பொருளும் ஈட்டிய அம்மையார் அப்போது நாற்பதைத் தாண்டியவர். நிலத்தை வாங்கி, தம் சொந்தப் பணத்தில் சமாதிக்குக் கோயில் எழுப்பினார். 1920-களின் நடுவில் குடமுழுக்கும் நடந்தது. கோயில் கட்டிக் கொடுத்தவருக்கு, அதன் முன்னால் உட்கார்ந்து பாடவோ ஹரிகதை சொல்லவோ அனுமதி இல்லை என்றார்கள் கட்சிக்காரர்கள்.

அவர் அடுத்துச் செய்ததை நிதானமாகப் பார்க்க வேண்டும். கோபித்துக்கொண்டு ஊருக்குப் போகவில்லை. முன்வாசலில் நின்று தினம் சண்டை பிடிக்கவும் இல்லை. 1927 வாக்கில், அதே கோயிலின் பின்புறத்தில், பெண்களைத் திரட்டித் தனி ஆராதனை தொடங்கினார். ஊர் அதைப் பெண்கள் கட்சி என்றது. கூடவே அதிகாரிகளுக்கு மனு எழுதிக்கொண்டே இருந்தார். பாடும் வேலையும் நிற்கவில்லை, கேட்கும் உரிமையையும் கைவிடவில்லை. பத்தாண்டுக்கு மேல் இப்படிப் போனது.

இதற்கும் முன்னால் அவரைப் பற்றி இன்னொரு செய்தி உண்டு. தஞ்சை மராட்டிய அரசவையில் இருந்த முத்துப்பழனி என்ற தெலுங்குப் பெண் கவியின் 'ராதிகா சாந்த்வனம்' நூலை நாகரத்தினம்மாள் 1910-ல் பதிப்பித்தார். ஆபாசம் என்று கிளம்பிய எதிர்ப்பில் நூலை அரசு தடை செய்தது. முத்துப்பழனியை இழிவாக எழுதியவர் கந்துகூரி வீரேசலிங்கம். விதவை மறுமணத்துக்காகப் போராடிய பெரிய சீர்திருத்தவாதி. நல்லவர்கள் வாயிலிருந்தும் இழிசொல் வரும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். நாகரத்தினம்மாள் அவருக்கு எழுத்தில் பதில் சொன்னார்: வெட்கம் பெண்களுக்கு மட்டும்தான் உரியதா, இதேபோல் எழுதிய ஆண்களை ஏன் கேட்கவில்லை என்று. கேள்வி முழுக்க விஷயத்தைப் பற்றியது. தடை 1947-ல்தான் நீங்கியது. அதற்குள் அவர் பாட்டையும் நிறுத்தவில்லை, கோயிலையும் கட்டி முடித்திருந்தார்.

அவரிடம் நான் காண்பது இதுதான்: எதிராளியைத் திருத்துவது தன் வேலை என்று அவர் எடுத்துக்கொள்ளவே இல்லை. வந்த காரியத்தை விடவில்லை, அவ்வளவுதான். பொறுத்துப் போ, பெரிதாக எடுத்துக்கொள்ளாதே என்று நம்மிடம் சொல்லும் அறிவுரைகளுக்கும் இதற்கும் வெகுதூரம். அந்த அறிவுரைகள் ஏச்சு வாங்கியவர் தலையிலேயே மேலும் ஒரு சுமையை ஏற்றுகின்றன.

குழுவில் உங்களுக்கு இது நேர்ந்தால், முதலில் பதிலை இரண்டாகப் பிரியுங்கள். "தண்ணிய வடிக்காம எதுக்கு உரம் போட்டே, அறிவில்லயா?" என்று ஒருவர் எழுதினால், அதில் தண்ணீரை வடிக்க வேண்டும் என்ற செய்தி இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு, "வடிக்கிறேன் அண்ணே, எத்தனை நாள் காய விடணும்?" என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். மீதிக்குப் பதில் தேவையில்லை. செய்தியே இல்லாத வெறும் ஏச்சு என்றால் அதற்குப் பதிலே வேண்டாம். பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றினால், ஒரே ஒரு முறை, விஷயத்தைப் பற்றி மட்டும், சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுங்கள். சூட்டோடு எழுதிய பதில் பெரும்பாலும் அடுத்த ஏச்சுக்குத்தான் இடம் கொடுக்கும்.

வாயடைத்துப் போன பிறகும் குழுவைப் படித்துக்கொண்டே இருக்கலாம். அறிவிப்பு ஒலியை எட்டு மணி நேரத்துக்கோ, ஒரு வாரத்துக்கோ, நிரந்தரமாகவோ நிறுத்தி வைக்கலாம். அந்தப் பெரியவரைப் போல நன்றாகப் பதில் சொல்லும் ஒருவரைக் கண்டுபிடித்து, "ஐயா, ஒரு சந்தேகம், தனியாகக் கேட்கலாமா?" என்று தனிச் செய்தி அனுப்பலாம். அநேகமாக மறுக்க மாட்டார். வெளியேறுவதென்றாலும் தயக்கம் வேண்டாம். 2022-லிருந்து வாட்ஸ்அப் குழுவை விட்டு விலகினால் எல்லோருக்கும் அறிவிப்பு போவதில்லை, அட்மினுக்கு மட்டும்தான். குழு ஒன்றே கதி என்றும் இல்லை. விவசாயிகளுக்கு 1800-180-1551 என்ற கிசான் அழைப்பு மையம் இருக்கிறது, தமிழிலேயே கேட்கலாம். ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது.

இன்னொருவர் ஏச்சு வாங்குவதைப் பார்க்கும்போது உங்கள் பங்கு பெரியது. திட்டியவரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். கேட்டவருக்குப் பதில் சொல்லுங்கள். பதில் தெரியாவிட்டால், "நல்ல கேள்வி தம்பி, நானும் தெரிஞ்சுக்கணும்" என்று போட்டாலே கேட்டவர் தனித்து நிற்கவில்லை என்பது தெரிந்துவிடும்.

அட்மினாக இருப்பவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உண்மையான மாற்றம் அங்கேதான் நிகழ முடியும். திருவையாற்றுச் சண்டை ஓய்ந்தது யாரும் திடீரென்று மனம் மாறியதால் அல்ல, ஏற்பாட்டை மாற்றியதால். 1940-ல் கட்சிகளை ஒன்றாக்கும் முயற்சி பலித்தது. ஐ.சி.எஸ். அதிகாரி எஸ்.ஒய். கிருஷ்ணசுவாமி, முசிறி சுப்பிரமணிய ஐயர் போன்றவர்களுக்கு அதில் பங்குண்டு. 1941-லிருந்து ஒரே ஆராதனை, பெண்களும் பாடினார்கள். தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடும் வழக்கமும் அப்போதுதான் நிலைபெற்றது. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகம், குறித்த நேரம், எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. யார் முதலில், யார் எவ்வளவு நேரம் என்ற போட்டிக்கு அந்த நேரத்தில் இடமே இல்லை. புதிதாய் வந்த சிறுமியும் மூத்த வித்வானும் ஒரே வரியைப் பாடுகிறார்கள்.

குழுவிலும் இப்படிச் செய்யலாம். புதியவர் சேர்ந்ததும் கண்ணில் படும்படி நாலு விதி எழுதி வையுங்கள்: எந்தக் கேள்வியும் கேட்கலாம், கேட்டவரைக் கேலி செய்யக் கூடாது, படம் போடும்போது நட்ட நாளும் ரகமும் எழுத வேண்டும், ஏச்சுப் பதிவு நீக்கப்படும். ரெட்டிட் தளத்தின் பெரிய அறிவியல் குழு ஒன்றில் நாதன் மாத்தியாஸ் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்து 2019-ல் வெளியிட்டார். விதிகளை உரையாடலின் உச்சியில் எழுதி வைத்ததும், விதியை மதித்து நடக்கும் புதியவர்கள் கூடினார்கள். பேச முன்வந்த புதியவர்களின் எண்ணிக்கையே சராசரியாக 70 சதவீதம் உயர்ந்தது. விதி எழுதினால் ஆட்கள் பயந்து ஓடுவார்கள் என்று நினைக்கும் அட்மின்கள் இதைக் கவனிக்க வேண்டும். நாகரத்தினம்மாளும் ஏற்பாட்டை வாய்ச்சொல்லோடு விடவில்லை. 1949-ல் எழுதிய உயிலில், தேவதாசிகள் உட்படப் பெண்களுக்கு அங்கே வழிபட்டுப் பாடும் உரிமை இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்.

அடிக்கடி வரும் கேள்விகளுக்குப் பதிலைத் தொகுத்து ஒரே பதிவாக மேலே நிறுத்தி வைத்தால், சலித்துப்போன மூத்தவர்களுக்குப் பாதிப் பாரம் இறங்கும். அவர்களில் ஒருவர் எரிந்து விழுந்தால் குழுவில் வைத்துக் கண்டிக்காமல் போன் போட்டுப் பேசுங்கள். "அண்ணே, நீங்க சொல்ற விஷயம் சரி, சொல்ற விதத்துல பிள்ளைங்க ஓடிப் போயிடுதுங்க. ஒரு மாசம் ஓய்வு எடுத்துக்கங்களேன்" என்று சொல்லலாம். மறுபடியும் அதே கதை என்றால் நீக்கத்தான் வேண்டும். உழைத்தவர் என்பதற்காக விட்டுவைத்தால், சத்தமில்லாமல் வெளியேறும் பத்துப் பேர் உங்கள் கண்ணில் படவே மாட்டார்கள்.

சில பேச்சுகள் மரியாதைக் குறைவு என்ற எல்லையைத் தாண்டியவை. மிரட்டல், விடாமல் பின்தொடர்ந்து செய்தி அனுப்புவது, அந்தரங்கப் படத்தைப் பரப்புவது எல்லாம் குற்றம். பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பலர் அறியச் சாதி சொல்லி இழிவுபடுத்துவது 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தண்டனைக்குரியது. இவற்றில் பொறுமை காட்ட வேண்டிய அவசியமே இல்லை. அழிப்பதற்கு முன் தேதியும் எண்ணும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ புகார் கொடுக்கலாம். பெண்களுக்கு 181 உதவி எண் உண்டு. ஒரு பதிவைப் படித்த நாளிலிருந்து தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்வே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால், தாமதிக்காமல் 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலிமனாஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. இரவும் பகலும் இயங்குகிறது, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.