உடல் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் பணிக்குத் திரும்புதல்

உடல் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை இப்போது பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பி எனப்படும் நுண்துளை முறையிலேயே செய்யப்படுகிறது. வயிற்றின் மேல் நான்கைந்து சிறிய காயங்கள் மட்டுமே தெரியும். அவை ஓரிரு வாரங்களில் ஆறிவிடுகின்றன. இதனால் உடல் முழுமையாகத் தேறிவிட்டதாக எண்ணிப் பலர் விரைந்து பணிக்குத் திரும்ப விரும்புகின்றனர். ஆனால் உள்ளே வெட்டி இணைக்கப்பட்ட இரைப்பையும் வயிற்றுச் சுவரின் தசைகளும் வலுப்பெறக் கூடுதல் காலம் தேவை. வேலை நேரத்தில் உங்கள் புதிய இரைப்பைக்கு ஏற்ப உண்ணவும் நீர் அருந்தவும் முடியுமா என்பதையும் பணிக்குத் திரும்பும் முன் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

எப்போது திரும்பலாம்?

சிக்கல் ஏதுமின்றி நுண்துளை முறையில் சிகிச்சை முடிந்தவர்களுக்குப் பொதுவாகப் பின்வரும் கால அளவுகள் பொருந்தும். இறுதி முடிவு உங்கள் அறுவை சிகிச்சை நிபுணருடையது.

• அமர்ந்து செய்யும் அலுவலகப் பணி: 2 முதல் 3 வாரங்கள்
• நாள் முழுவதும் நின்று செய்யும் பணி (ஆசிரியர், கடை ஊழியர், செவிலியர்): 3 முதல் 4 வாரங்கள்
• பாரம் தூக்கும் பணி (கட்டுமானம், விவசாயம், சுமை ஏற்றுதல்): குறைந்தது 6 வாரங்கள்
• வயிற்றைத் திறந்து அறுவை சிகிச்சை செய்யப்பட்டிருந்தால்: மேற்கூறியவற்றைவிடக் கூடுதல் காலம்

முதல் 4 முதல் 6 வாரங்களுக்கு ஏறத்தாழ 5 கிலோவுக்கு மேற்பட்ட எடையைத் தூக்குதல் கூடாது. தூக்கினால் காயம் உள்ள இடத்தில் குடலிறக்கம் ஏற்படலாம். வீட்டு வேலையும் வேலையே என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஒரு குடம் தண்ணீர் 10 கிலோவைத் தாண்டும். நிரம்பிய சமையல் எரிவாயு சிலிண்டர் ஏறத்தாழ 30 கிலோ இருக்கும். "வீட்டில்தானே இருக்கிறேன்" என்று இவற்றைத் தூக்கிவிடாதீர்கள்.

வாகனம் ஓட்டுவதற்கு முன், மயக்கம் தரும் வலி மருந்துகளை நிறுத்தியிருக்க வேண்டும். வலியின்றித் திடீரெனப் பிரேக் பிடிக்கவும் முடிய வேண்டும்.

களைப்பு ஏன் ஏற்படுகிறது?

முதல் வாரங்களில் நீங்கள் உண்ணும் உணவின் அளவு மிகக் குறைவு. உடல் தன் சேமிப்பிலிருந்தே ஆற்றலைப் பெறுகிறது. அதே வேளையில் காயங்களையும் ஆற்றுகிறது. எனவே நண்பகலுக்குள் சோர்ந்துபோவது இயல்பு. அதைச் சோம்பல் எனக் கருத வேண்டியதில்லை. இயலுமாயின் முதல் வாரத்தில் அரை நாள் பணி அல்லது ஒன்றுவிட்டு ஒரு நாள் பணி கேட்டுப் பெறுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து சில நிமிடங்கள் நடங்கள். இது கால் இரத்தக்குழாய்களில் இரத்தம் உறையாமல் தடுக்க உதவும்.

பணியிடத்தில் நீரும் உணவும்

பணிக்குத் திரும்பியவர்களுக்கு அடிக்கடி நேரும் சிக்கல் நீரிழப்பு. உங்கள் இரைப்பை ஒரே நேரத்தில் ஒரு டம்ளர் நீரைக்கூட ஏற்காது. ஆகவே நாளொன்றுக்கு 1.5 முதல் 2 லிட்டர் வரை, சிறிது சிறிதாக, நாள் முழுவதும் பருக வேண்டும். தண்ணீர்ப் புட்டி எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் நீர் போதவில்லை என்பது பொருள்.

• உணவுடன் நீர் அருந்தாதீர்கள். உண்ட பின் 30 நிமிடங்கள் கழித்து அருந்துங்கள்.
• ஒரு வேளை உணவுக்கு 20 முதல் 30 நிமிடங்கள் தேவை. பத்து நிமிட இடைவேளையில் விரைந்து விழுங்கினால் நெஞ்சடைப்பு போன்ற வலியும் வாந்தியும் உண்டாகும். இதனை மேலாளரிடம் முன்னரே எடுத்துரையுங்கள்.
• நாளொன்றுக்கு 60 கிராம் புரதமேனும் தேவை. முட்டை, மீன், பருப்பு, தயிர், பனீர் ஆகியவற்றை முதலில் உண்ணுங்கள், சோறு பிறகு.
• திரவ உணவு, மசித்த உணவு, மென்மையான உணவு என்ற படிநிலைகளில் நீங்கள் எதில் இருக்கிறீர்களோ அதையே வீட்டிலிருந்து எடுத்துச் செல்லுங்கள்.
• சர்க்கரை மிகுந்த தேநீர், குளிர்பானம், பணியிடத்தில் அன்புடன் நீட்டப்படும் லட்டு, கேக் ஆகியவற்றைத் தவிருங்கள். குறிப்பாக இரைப்பை பைபாஸ் செய்தவர்களுக்கு, இனிப்பு வேகமாகக் குடலை அடைவதால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு, தலைசுற்றல் ஏற்படலாம். ஓரிரு மணி நேரத்துக்குப் பின் இரத்தச் சர்க்கரை தாழ்ந்து மயக்கமும் வரலாம். வாகனம் ஓட்டுபவர்களும் இயந்திரங்களில் பணிபுரிபவர்களும் இதில் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும்.
• மதுவைத் தவிருங்கள். சிறிதளவும் மிக விரைவாக இரத்தத்தில் கலந்துவிடும்.

மருந்துகள்

நீரிழிவுக்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் முன்பு எடுத்துக்கொண்ட அளவு இப்போது மிகையாகலாம். பணிக்குத் திரும்பும் முன் மருத்துவரிடம் காட்டி அளவைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

வேலைக்குத் திரும்பிய நாட்களில் முதுகுவலி, உடல்வலி வருவது உண்டு. அதற்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்ற மாத்திரைகளை மருந்துக் கடையில் நீங்களாகவே வாங்கி உட்கொள்ளாதீர்கள். அவை இரைப்பையில் புண்ணை உண்டாக்கும்.

வைட்டமின், இரும்பு, கால்சியம் மாத்திரைகள் வாழ்நாள் முழுவதும் தேவைப்படுபவை. இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாக எடுக்காமல் 2 மணி நேர இடைவெளி விடுங்கள். தூக்கத்தில் மூச்சுத்திணறலுக்காகக் கருவி பயன்படுத்துபவர்கள், எடை குறைந்தாலும் மருத்துவர் கூறும் வரை அதை நிறுத்தலாகாது. இரவுப் பணியாளர்களுக்கும் இது பொருந்தும்.

விடுப்பும் பணியிட உரிமைகளும்

மருத்துவமனையிலிருந்து வெளியேறும்போதே விடுப்புக்கான மருத்துவச் சான்றையும், பணியில் சேரும் முன் உடற்தகுதிச் சான்றையும் கேட்டுப் பெறுங்கள். பாரம் தூக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டைச் சான்றிலேயே எழுதித் தரக் கேட்கலாம்.

இ.எஸ்.ஐ. திட்டத்தில் உள்ள தொழிலாளர்கள், சந்தா நிபந்தனைகளை நிறைவுசெய்திருந்தால், நோய்க்கால உதவியாக ஊதியத்தில் 70 விழுக்காட்டை ஆண்டுக்கு 91 நாட்கள் வரை பெறலாம். ஊதிய இழப்புக்கு அஞ்சி உடல் தேறும் முன் திரும்ப வேண்டாம். உங்கள் கிளை அலுவலகத்தை அணுகுங்கள். தமிழ்நாட்டில் கடைகளிலும் நிறுவனங்களிலும் பணிபுரிவோருக்கு இருக்கை வசதி அளிக்க வேண்டும் என 2021இல் சட்டத் திருத்தம் செய்யப்பட்டுள்ளது. நின்று பணிபுரிபவர்கள் தயங்காமல் இருக்கை கேட்கலாம்.

பிறரிடம் என்ன சொல்வது?

எடையைப் பற்றிய கேள்விகளும் கேலிகளும் எழலாம். சக பணியாளர்கள் அனைவருக்கும் விளக்கம் அளிக்கும் கடமை உங்களுக்கு இல்லை. "வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தது; சிறிது சிறிதாகத்தான் உண்ண வேண்டும்" என்று கூறினால் போதும். ஆயினும் உடல்நிலை திடீரெனக் குன்றினால் உதவும்பொருட்டு, நம்பிக்கைக்குரிய ஒருவரிடமேனும் முழு விவரத்தையும் கூறிவையுங்கள்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

இரைப்பையின் இணைப்பில் கசிவு, வீடு திரும்பிய பின்னரும் ஏற்படலாம். பின்வருவனவற்றில் ஏதேனும் தோன்றினால் பணி முடியும் வரை காத்திருக்காதீர்கள். 108ஐ அழையுங்கள் அல்லது சிகிச்சை பெற்ற மருத்துவமனைக்கு உடனே செல்லுங்கள்.

• ஓய்வில் இருக்கும்போதும் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120க்கு மேல் இருத்தல்
• காய்ச்சல், அதிகரிக்கும் வயிற்றுவலி, இடது தோள்வலி
• மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஒரு காலில் வீக்கமும் வலியும்
• நீரைக்கூட வயிற்றில் நிறுத்த முடியாத தொடர் வாந்தி
• இரத்த வாந்தி, கருநிற மலம்
• தொடர் வாந்திக்குப் பின் கால் மரத்தல், நடையில் தள்ளாட்டம், பார்வை இரட்டையாகத் தெரிதல். இவை தயமின் என்னும் வைட்டமின் பி1 குறைவின் அறிகுறிகள். தாமதித்தால் நிலையான நரம்புப் பாதிப்பு உண்டாகலாம்.

பராமரிப்பவர்களுக்கு

மாலையில் திரும்பி வரும் தண்ணீர்ப் புட்டியையும் உணவுப் பெட்டியையும் பாருங்கள். அவை நிரம்பியபடியே வந்தால், அன்று நீரும் உணவும் போதவில்லை என்று அறியலாம். கடிந்துகொள்ளாமல், இடைவேளை கிடைத்ததா, உணவு ஒத்துக்கொண்டதா எனக் கேளுங்கள். குடம் சுமப்பது, துணி துவைப்பது, குழந்தையைத் தூக்குவது போன்றவற்றை முதல் 6 வாரங்களுக்கு வீட்டில் உள்ள மற்றவர்கள் பகிர்ந்துகொள்ளுங்கள். பணிக்குத் திரும்பிவிட்டார் என்பதற்காகத் தொடர் பரிசோதனைகள் தவறிவிடாதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள்.