ஐந்து தோசை, நான்குக்குத்தான் கணக்கு

கோல்ஃப் தனி ஆள் விளையாட்டு. கையில் ஒரு மட்டை, தூரத்தில் ஒரு குழி, நடுவில் கைகொடுக்க ஆள் கிடையாது. அப்படியிருக்க, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ‘கோல்ஃப் அணி’ என்று ஒன்று எப்படி இயங்குகிறது?

கலிஃபோர்னியாவில் உள்ள ஸ்டான்ஃபோர்டை எடுத்துக்கொள்வோம். டைகர் உட்ஸ் படித்த இடம். 1996-இல் அவர் கல்லூரிகளுக்கான தேசியத் தனிநபர் பட்டத்தை வென்றது இங்கே மாணவராக இருந்தபோதுதான். அங்கே ஆண்கள் அணி ஒன்று, பெண்கள் அணி ஒன்று. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிவது மாதிரி. 1930-இல் திறந்த பல்கலைக்கழக மைதானம் இருவருக்கும் பொது. பயிற்சியாளர், ஆட்டக்காரர்கள், போட்டிகள் எல்லாம் தனித்தனி.

முதலில் ‘பார்’ என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். ‘இத்தனை வடைக்கு இவ்வளவு எண்ணெய் போதும்’ என்று வீட்டில் ஒரு கணக்கு இருக்கும் அல்லவா? அதுபோல, ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடியில் பந்தைப் போட்டால் போதும் என்று ஓர் அளவு உண்டு. அதுதான் பார். பல மைதானங்களில் 18 குழிக்கும் சேர்த்து 72. அதற்கும் குறைவாக முடித்தால் சபாஷ். கூடினால் எண்ணெய் வீண். ஆகவே கோல்ஃபில் குறைந்த எண் எடுத்தவரே ஜெயித்தவர்.

அடுத்து, போட்டி நடக்கும் ஊருக்கு யார் போவது? அணியில் எட்டு, ஒன்பது பேர் இருந்தாலும் ஒரு போட்டியில் அணிக்காக ஆடுவது ஐந்தே பேர். அந்த ஐவரைத் தேர்ந்தெடுக்கப் பயிற்சியாளர் முதலில் அணிக்குள்ளேயே ஒரு போட்டி வைப்பார். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. இன்று 68 அடித்தவர் நாளை 77 அடிப்பார். ஆகவே பல சுற்றுகள் ஆடவைத்துப் பதம் பார்ப்பார்கள்.

இப்போது இயந்திரத்தின் நடு அச்சுக்கு வருவோம். ஐந்து பேர் ஆடுவார்கள். நான்கு பேரின் எண்ணிக்கைதான் சேரும். கல் காய்வதற்குள் ஊற்றிய தோசை ஒட்டிக்கொண்டால் என்ன செய்வோம்? ஓரமாக ஒதுக்கிவிட்டு நன்றாக வந்ததைப் பரிமாறுவோம். அதே வேலைதான். ஐவரும் 69, 71, 72, 74, 83 எடுத்தார்கள் என்று வையுங்கள். 83-ஐ ஒதுக்கிவிட்டால் மீதி 286. அன்றைய அணிக் கணக்கு அதுதான். வழக்கமான போட்டியில் இப்படி மூன்று சுற்று, மொத்தம் 54 குழி. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒதுக்கல் புதிதாக நடக்கும். ஆகவே நேற்று கருகியவர் இன்று பந்தியின் முதல் தோசையாக வரலாம்.

பயிற்சியாளர் என்ன செய்வார்? ஆடும்போதே கூட நடந்து, காற்று எப்படி, எந்த மட்டை எடுக்கலாம் என்று யோசனை சொல்லலாம். அடுப்படியில் நிற்கும் பாட்டி மாதிரி: பக்குவம் சொல்லலாம், கரண்டியைத் தொடக்கூடாது.

பிறகு, பணம். 2025 வரை, மேல்மட்டப் பிரிவில் ஆண்கள் அணிக்கு 4.5, பெண்கள் அணிக்கு 6 முழு உதவித்தொகைதான் உச்சவரம்பு. ஒரு குண்டான் குழம்பை எல்லா இலைக்கும் வருகிற மாதிரி அளந்து ஊற்றுவதுபோல அதைப் பலருக்குப் பிரித்துத் தந்தார்கள். பெண்களுக்கு ஏன் கூடுதல்? அமெரிக்கக் கால்பந்து ஒன்றே ஆண்கள் பக்கம் 85 உதவித்தொகையை எடுத்துக்கொண்டது. கல்வி நிலையங்களில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்கிற 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதால் மற்ற ஆட்டங்களில் பெண்களுக்குக் கூட்டிச் சரிக்கட்டினார்கள். 2025-இல் ஒரு நீதிமன்ற உடன்பாடு இதை மாற்றியது. அதை ஏற்ற பல்கலைக்கழகங்கள் எத்தனை உதவித்தொகையும் தரலாம். ஆனால் ஓர் அணியில் ஒன்பது பேருக்கு மேல் கூடாது. குழம்புக்கு இருந்த கட்டுப்பாடு போய், இலைக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது.

கடைசியாக, தேசியப் போட்டி. 30 அணிகள் வரும். மூன்று சுற்று முடிந்ததும் 15 நிற்கும். நான்காவது சுற்று முடிந்ததும் 8. அதன் பிறகு விதியே மாறுகிறது. ஆண்களுக்கு 2009 முதல், பெண்களுக்கு 2015 முதல் நேருக்கு நேர் ஆட்டம். ஐந்து அடுப்புக்கு எதிரே ஐந்து அடுப்பு. ஒவ்வொரு ஜோடியிலும் அதிகக் குழிகளை வென்றவருக்கு ஒரு புள்ளி. மூன்று புள்ளி எடுத்த அணிக்கு வெற்றி. இங்கே ஒதுக்கல் கிடையாது. எவ்வளவு கருகியது என்றும் பார்ப்பதில்லை. தோற்றால் ஒரு புள்ளி போச்சு, அவ்வளவுதான்.

பெண்களுக்கு இந்த விதி வந்த முதல் ஆண்டிலேயே ஸ்டான்ஃபோர்டு பெண்கள் இறுதிக்கு வந்து பேய்லர் பல்கலைக்கழக அணியைச் சந்தித்தார்கள். 2-2 என்று சமன். மிச்சம் ஒரே ஒரு ஜோடி. அதில் ஸ்டான்ஃபோர்டின் மரையா ஸ்டாக்ஹவுஸ், இரண்டே குழி பாக்கி இருக்கையில் இரண்டு பின்தங்கி இருந்தார். அந்த இரண்டையும் வென்று சமன் செய்து, கூடுதலாக ஆடிய 19-ஆவது குழியில் ஆட்டத்தை வென்று முடித்தார். ஸ்டான்ஃபோர்டு பெண்களின் முதல் தேசியப் பட்டம் அது. அன்று ஒதுக்கிவைக்க ஐந்தாவது தோசை இல்லை. இலையில் இருந்ததே அந்த ஒன்றுதான்.